ஒரு பிழை இருந்தால் வேதம் ஒழுக்கத்துக்கு வழிகாட்டாதா?

மார்த்தாள்:
எங்கள் சபையின் வாலிபர் கூட்டத்தில் எழுந்த கேள்வியை இங்கே வைக்கிறேன். யூதாவின் அகசியா ராஜாவானபோது அவனுக்கு வயது 22 என்கிறது 2 இராஜாக்கள் 8:26. அதே அகசியாவுக்கு 2 நாளாகமம் 22:2இன் எபிரெய மூலம் 42 வயது சொல்கிறது. அவன் தகப்பன் யோராம் 32 வயதில் பட்டத்துக்கு வந்து 8 வருஷம் ஆண்டு, 40 வயதில் இறந்தான். கணக்குப் போட்டால் தகப்பனைவிட மகன் இரண்டு வயது மூத்தவனாகிறான். இதைக் கண்டுபிடித்த பையன் கேட்டான்: "இதிலேயே தப்பு இருக்கிறதென்றால் 'களவு செய்யாதே' என்பதை மட்டும் ஏன் நம்ப வேண்டும்?" கூட்டத்தை நடத்தியவர், "இப்படிக் கேட்பதே அவிசுவாசம்" என்று சொல்லி ஜெபித்து முடித்துவிட்டார்.

அந்தப் பையன்மேல் எனக்குக் கோபமில்லை. ஒரு தப்பு இருந்தால் எல்லாமே தப்பு என்று அவனுக்குச் சிறுவயதிலிருந்து சொல்லிக்கொடுத்தது நாம்தான். ஒரு நூல் மனிதனை நல்வழியில் நடத்த, அதிலுள்ள ஒவ்வொரு எண்ணும் பெயரும் சரியாக இருந்தாக வேண்டும் என்ற நிபந்தனையே தவறு என்பது என் கருத்து.

நெல்லை ஊழியன்:
சகோதரி, பிழையின்மை என்றால் என்ன என்பதை முதலில் சரியாக எடுத்துக்கொள்வோம். 1978இல் சிக்காகோவில் சுவிசேஷ சபைகளின் தலைவர்களும் வேத அறிஞர்களும் கூடி வெளியிட்ட அறிக்கை, மூலப்படிகளை, அதாவது முதன்முதலில் எழுதப்பட்ட ஏடுகளைத்தான், பிழையற்றவை என்கிறது. பிரதியெடுத்தவரின் கை தவறாது என்று யாரும் சொல்லவில்லை. நாளாகமத்தின் அந்த வசனத்தில் சில கிரேக்கப் பிரதிகளிலும் சீரியப் பிரதியிலும் 22 என்றே இருக்கிறது. பிரதியில் நேர்ந்த பிழை. மற்றப் பிரதிகளைக் கொண்டே திருத்திக்கொள்ளலாம். அந்தப் பையனுக்கு இதை யாராவது பொறுமையாகச் சொல்லியிருக்க வேண்டும். அதில் உங்களோடு நிற்கிறேன்.

ஆனால் உங்கள் முடிவோடு நிற்க முடியாது. மெதடிஸ்டு இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி 1776இல் தம் நாட்குறிப்பில் எழுதியதன் சாரம் இதுதான்: வேதத்தில் ஒரு தவறு இருக்கலாம் என்றால் ஆயிரமும் இருக்கலாம், ஒரு பொய் இருந்தாலும் அது சத்திய தேவனிடமிருந்து வந்ததல்ல. ஏன் இவ்வளவு கறார்? "களவு செய்யாதே" என்று சொல்ல வேதம் வேண்டியதில்லை. களவு கொடுத்தவன் எவனும் அதைச் சொல்வான். "உங்கள் சத்துருக்களைச் சிநேகியுங்கள்" என்பதை எவன் மனம் தானாகச் சொல்லும்? நம் இருதயம் எதிர்த்து நிற்கும் கட்டளைக்குத்தான் நமக்கு மேலான அதிகாரம் தேவை. "இந்த நூலில் தவறு உண்டு, எது தவறென்று நானே பிரித்தறிவேன்" என்று ஆரம்பித்தவன், முதலில் சத்துருவைப் பற்றிய வசனத்தைத்தான் பிரித்து எடுப்பான்.

மார்த்தாள்:
மூலப்படி ஒன்றுகூட இன்று யார் கையிலும் இல்லையே, ஐயா. தரங்கம்பாடியில் மிஷனெரி சீகன்பால்கு தமிழில் அச்சிட்ட புதிய ஏற்பாட்டை 1715இல் வாங்கியவர்கள் தொடங்கி நாம் வரைக்கும், பிரதிகளின் பிரதியை, அதுவும் மொழிபெயர்ப்பில், வாசித்து வருகிறோம். அதை வாசித்துத்தான் குடியை விட்டார்கள். பேச்சுவார்த்தை நின்றுபோன அண்ணன் வீட்டு வாசலில் போய் நின்றார்கள். பிழை நேரக்கூடிய பிரதியே இத்தனையும் செய்திருக்கிறது.

மாற்கு 2ஆம் அதிகாரத்தை எடுங்கள். சீஷர்கள் ஓய்வுநாளில் கதிர்களைக் கொய்கிறார்கள். ஓய்வுநாளில் இதைச் செய்யலாமா என்று பரிசேயர் கேட்கிறார்கள். பசியாயிருந்தபோது ஆசாரியர் மட்டுமே புசிக்கக்கூடிய தேவசமுகத்து அப்பங்களைத் தாவீது புசித்ததை இயேசு நினைப்பூட்டுகிறார்: "அபியத்தார் என்னும் பிரதான ஆசாரியன் காலத்தில்". 1 சாமுவேல் 21இல் அப்பம் கொடுத்த ஆசாரியன் அகிமெலேக்கு; அபியத்தார் அவன் மகன். இதே சம்பவத்தை எழுதும் மத்தேயுவிலும் லூக்காவிலும் அந்தப் பெயரே இல்லை. இது பின்னால் வந்த பிரதிக்காரரின் கைத்தவறு என்று தள்ளவும் வழியில்லை. பழைய பிரதிகளிலேயே இருக்கிறது. இதற்கு அடுத்த வசனம் எது? "மனுஷன் ஓய்வுநாளுக்காக உண்டாக்கப்படவில்லை, ஓய்வுநாள் மனுஷனுக்காக உண்டாக்கப்பட்டது." 26ஆம் வசனத்தில் ஆசாரியனின் பெயர் மாறியதால் 27ஆம் வசனம் பொய்யாகிவிட்டதா? சட்டத்தைக் காட்டிப் பசித்தவனை விரட்டுகிறவர்கள்முன் இன்றைக்கும் அந்த ஒரு வசனத்தை வைத்துக்கொண்டு நிற்கலாம்.

இன்னொன்று. விபசாரத்தில் பிடிபட்ட பெண்ணை இயேசுவிடம் கொண்டுவந்த பகுதி, யோவான் 7:53 முதல் 8:11 வரை. நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த சினாய் சுவடியிலும் வத்திக்கான் சுவடியிலும் அது இல்லை. யோவானின் மூலப்படியில் அது இருந்திருக்காது என்பதே பெரும்பாலான அறிஞர்களின் முடிவு. மூலப்படி மட்டுமே பிழையற்றது, பிழையற்றதே வழிகாட்டும் என்ற உங்கள் அளவுகோலைப் பிடித்தால், "உங்களில் பாவமில்லாதவன் இவள்மேல் முதலாவது கல்லெறியக்கடவன்" என்பதை நீங்கள் பிரசங்கிக்கக்கூடாது. பிரசங்கிக்காமல் இருப்பீர்களா?

நெல்லை ஊழியன்:
பிரசங்கிப்பேன். அந்தச் சம்பவம் நடந்தது என்றே நம்புகிறேன். விசுவாசம் குறைந்த சிலர், தங்கள் மனைவிகளுக்கு அது துணிச்சல் கொடுத்துவிடும் என்று பயந்து அதை நீக்கிவிட்டார்கள் எனப் பழைய சபைப் பிதாவான அகஸ்டீன் எழுதியிருக்கிறார். ஆனால் அந்தப் பகுதியை மட்டும் ஆதாரமாக்கி ஒரு உபதேசத்தைக் கட்டமாட்டேன். அதிலுள்ள இரக்கம் லூக்கா 7இல் பாவியான ஸ்திரீயின் கண்ணீரிலும், 15இல் கெட்டகுமாரனிடம் ஓடிவரும் தகப்பனிடத்திலும் ஐயமின்றி இருக்கிறது.

அபியத்தார் விஷயம்: பின்னாளில் பிரதான ஆசாரியனாகப் பெயர்பெற்றவனின் நாட்களில் என்று கிரேக்க வாக்கியத்தை எடுக்க இடமுண்டு. இந்த விளக்கம் உங்களுக்குப் போதாமல் இருக்கலாம். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அங்கே இயேசுவின் வாதமே தாவீது அந்த அப்பத்தைப் புசித்தான் என்ற வரலாற்றின்மேல் நிற்கிறது. அது நடக்கவே இல்லையென்றால் பரிசேயருக்கு அது பதிலே அல்ல. வேதம் ஒழுக்கத்தைத் தனியே தூக்கிக் கொடுப்பதில்லை. நடந்ததைச் சொல்லி, ஆகவே இப்படி நட என்கிறது. "நீங்கள் எகிப்தில் அந்நியராயிருந்தீர்கள்", ஆகவே அந்நியனை ஒடுக்காதே. "கிறிஸ்து எழுந்திராவிட்டால், உங்கள் விசுவாசம் வீணாயிருக்கும்" என்று பவுலே சொல்லிவிட்டார். நடந்தது என்பதில் பிழை நுழைய இடம்கொடுத்தால், ஆகவே என்பது எதைப் பிடித்து நிற்கும்?

கரிசல் வாசகன்:
நான் கிறிஸ்தவன் அல்லன். ஊழியர் ஐயாவின் ஒரு வாதத்துக்கு மட்டும் பதில். மனம் எதிர்க்கும் கட்டளைக்குத் தெய்வ அதிகாரம் வேண்டும் என்கிறீர்கள். "இன்னாசெய் தாரை ஒறுத்தல் அவர்நாண நன்னயம் செய்து விடல்" என்று வள்ளுவர் சொல்லியிருக்கிறார். இது தேவவாக்கு என்ற உரிமைகோரல் நூலுக்குள் எங்கும் இல்லை. குறளில் பாடபேதங்கள் உண்டு. மணக்குடவரும் பரிமேலழகரும் குறள் வரிசையிலேயே ஒத்துப்போகவில்லை. கணவனைத் தொழுபவள் "பெய்யெனப் பெய்யும் மழை" என்ற 55ஆம் குறளைப் படிக்கிற எவருக்கும் அப்படி மழை பெய்யாது என்று தெரியும். அதனால் 314ஆம் குறளை யாரும் தூக்கி எறியவில்லை.

நெல்லை ஊழியன்:
குறளை நானும் மதிக்கிறேன், நண்பரே. ஆனால் 55ஐ ஒதுக்கி 314ஐ வைத்துக்கொள்ளும் உரிமை வாசகனுக்கு இருக்கிறது என்பதை நீங்களே சொல்லிவிட்டீர்கள். அறிவுரைக்கு அது போதும். என் பிள்ளையைக் கொன்றவனை மன்னிக்க வேண்டிய நாள் வந்தால், ஒதுக்கும் உரிமை என் கையில் இருக்கக்கூடாது.

தரங்கை:
வரலாற்றைப் பார்க்காமல் இது தீராது. 19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் தென் கரோலினாவின் ஜேம்ஸ் ஹென்லி தார்ன்வெல்லைப் போன்ற இறையியலாளர்கள் வேதத்தில் ஒரு எழுத்தையும் சந்தேகித்தவர்கள் அல்லர். அந்நியரை அடிமைகளாக வாங்கிப் பிள்ளைகளுக்குச் சொத்தாக விடலாம் என்ற லேவியராகமம் 25:44 முதல் 46 வரையும் பவுலின் "வேலைக்காரரே, கீழ்ப்படியுங்கள்" என்பதையும் வைத்து அடிமைமுறை தேவனுக்கு ஏற்றது என்று நிறுவினார்கள். எதிர்த்தவர்களோ, தப்பிவந்த அடிமையை எஜமானிடம் திருப்பி ஒப்புக்கொடுக்காதே என்ற உபாகமம் 23:15ஐ எடுத்தார்கள். இந்த விவகாரத்திலேயே 1845இல் தென்பகுதி பாப்டிஸ்டுகள் பிரிந்துபோய்த் தனி அமைப்பே கண்டார்கள். அடிமைமுறையை ஆதரித்ததற்காக அந்த அமைப்பு மன்னிப்புக் கேட்டது 1995இல். 150 வருஷம்! இரண்டு தரப்பிலும் பெரும்பாலோர் கையில் பிழையற்றதாக நம்பப்பட்ட அதே வேதம். எது நீதி என்று அந்தப் பிழையின்மை அவர்களுக்குச் சொல்லவில்லை. உள்நாட்டுப் போர்தான் முடித்துவைத்தது.

நெல்லை ஊழியன்:
அதே வரலாற்றில் மறுபக்கம் இருக்கிறது. 1807இல் லண்டனில் மேற்கிந்தியத் தீவுகளின் அடிமைகளுக்கென்று ஒரு வேதப் பகுதி அச்சிடப்பட்டது. எகிப்திலிருந்து இஸ்ரவேலர் விடுதலையாகிப் புறப்படும் பகுதி அதில் இல்லை. கீழ்ப்படியச் சொல்லும் வசனங்கள் இருந்தன. முழு வேதத்தையும் அடிமையின் கையில் கொடுக்க எஜமான்கள் பயந்தார்கள் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? வேதத்திலிருந்து வேண்டியதைத் தெரிந்தெடுத்தவர்கள் ஒடுக்கியவர்கள். நான் சொன்ன வெஸ்லி, ஒரு பொய்கூட இருக்காது என்ற அந்த மனிதர், 1774இலேயே அடிமைமுறையைக் கண்டித்துத் தனி நூல் எழுதினார். முழுவதும் தேவனுடையது என்று நம்பியவருக்குத்தான் தன் காலத்தின் வசதிக்கு எதிராக நிற்கும் தைரியம் வந்தது.

மார்த்தாள்:
வெஸ்லிக்கு வந்தது, தார்ன்வெல்லுக்கு வரவில்லையே. நம் ஊரிலேயே பாருங்கள். 1833இல் பேராயர் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி வேறுபாடு அறவே கூடாது என்று உத்தரவிட்டார். தஞ்சாவூரில் பலர் அதை ஏற்காமல் விலகினார்கள். சபையில் சாதி ஆசாரத்தை விடமுடியாது என்று வாதாடியவர்களில் வேதநாயக சாஸ்திரியாரும் ஒருவர். வேதத்தைத் தமிழில் அவரைப்போல் பாடியவர் யார்? பெத்லகேம் குறவஞ்சியை எழுதிய கை அது. வேதத்தில் பிழை உண்டென்று அவர்கள் நினைத்ததால் இது நடக்கவில்லை. எந்த வசனத்தை மற்ற வசனங்களுக்கு மேலே வைப்பது என்பதில் நடந்தது.

அப்படி மேலே கீழே வைக்கலாமா என்றால், இயேசுவே வைத்தார். மனைவியை விலக்கும் தள்ளுதற்சீட்டைப் பற்றிப் பரிசேயர் கேட்டபோது, "உங்கள் இருதயகடினத்தினிமித்தம்" மோசே அந்தக் கட்டளையை எழுதிக்கொடுத்தான் என்றார். ஆதியிலே அப்படி இல்லை என்று ஆதியாகமத்தை எடுத்து அதன்மேல் வைத்தார். எழுதப்பட்ட வேதத்துக்குள்ளேயே மனிதரின் கடினத்துக்காக இறங்கிவந்த வரிகள் உண்டு என்று சொன்னவர் அவர். லேவியராகமம் 25:46ஐ நான் அப்படித்தான் வாசிக்கிறேன். நீங்கள் எப்படி வாசிக்கிறீர்கள் என்று இன்னும் சொல்லவில்லை.

நெல்லை ஊழியன்:
அந்தக் காலத்துக்குக் கொடுக்கப்பட்ட ஏற்பாடு என்று வாசிக்கிறேன். பிலேமோன் நிருபத்தில் "அடிமைக்கு மேலானவனும் பிரியமுள்ள சகோதரனுமாக" அடிமையான ஒநேசிமுவை ஏற்றுக்கொள் என்று அவன் எஜமானுக்குப் பவுல் எழுதிய இடத்தில் அது முடிவுக்கு வந்துவிட்டது. பிழை என்று சொல்லமாட்டேன். இயேசுவுக்கு இருந்த அதிகாரம் எனக்கும் உங்களுக்கும் இல்லை, சகோதரி. அவர் மேலே வைத்தார் என்பதால் நாமும் வைக்கலாம் என்று எடுத்துக்கொள்வதுதான் எனக்குப் பயமாயிருக்கிறது.

மார்த்தாள்:
நடைமுறையில் இருவரும் ஒரே இடத்துக்குத்தான் வந்திருக்கிறோம். நீங்கள் முடிவுக்கு வந்த ஏற்பாடு என்கிறீர்கள், நான் இருதயகடினம் என்கிறேன். அடிமை வைத்திருக்கக்கூடாது என்பதில் இருவருக்கும் சந்தேகமில்லை. சரி, இன்றைய விஷயத்துக்கு வருவோம். 1 தீமோத்தேயு 2:12 பெண் உபதேசம்பண்ணக்கூடாது என்கிறது. அப்பொல்லோவுக்கு தேவனுடைய மார்க்கத்தை அதிக திட்டமாய் விளக்கிக்காட்டியவர்களில் பிரிஸ்கில்லாளும் ஒருத்தி என்று அப்போஸ்தலர் 18:26 சொல்கிறது. ரோமர் 16இல் பெபேயாள் சபைக்கு ஊழியக்காரி. எங்கள் பேராயத்தில் பெண் குருவானவர்கள் இருக்கிறார்கள். உங்கள் சபையில்?

நெல்லை ஊழியன்:
இல்லை. 1 தீமோத்தேயுவை என்னால் தாண்ட முடியவில்லை. ஆனால் பிரிஸ்கில்லாளையும் தாண்ட முடியாது. இரண்டும் தேவவாக்கு என்று நம்புகிற நான் அவளைச் சின்னவளாக்கிக் கடந்துபோக உரிமையற்றவன். எங்கள் போதகர் கூட்டத்தில் ரோமர் 16ஐ முழுவதுமாக வாசிக்க வேண்டும் என்று கேட்கப்போகிறேன். அங்கே என்ன முடிவாகிறதோ அதை இங்கே எழுதுகிறேன். நீங்கள் கேட்டதற்காக அல்ல, வசனம் இருப்பதற்காக.

மார்த்தாள்:
எழுதுங்கள். ரோமர் 16:7இல் யூனியா என்ற பெயரையும் விட்டுவிடாதீர்கள். அப்போஸ்தலருக்குள் பெயர்பெற்றவர்கள் என்று பவுல் சொல்லும் இருவரில் ஒருவர் அவர். பெண்ணின் பெயர் என்றே பழைய சபைப் பிதாவான கிறிசோஸ்தம் எடுத்திருக்கிறார்.