ஸ்டாண்டர்டு ஹெரால்டுக்கு ஆம்னி இன்ஜின் போடலாமா, பழசையே சரி பண்ணலாமா?

லால்குடிக்காரன்

எல்லாருக்கும் வணக்கம். நம்ம ஊரு திருச்சி பக்கம் லால்குடி. பெரியப்பாவோட 1969 ஸ்டாண்டர்டு ஹெரால்டு மார்க் 3 கார், நாலு கதவு மாடல், இப்ப என் கைக்கு வந்திருக்கு. 2011ல அவருக்கு கண் ஆபரேஷன் ஆனதும் ஷெட்ல விட்டது, அப்படியே நின்னுடுச்சு. போன மாசம் பெரியம்மாவே கூப்பிட்டு "நீ எடுத்துக்கோடா, வேற யாருக்கும் குடுக்க மனசு வரல"ன்னு சாவிய குடுத்துட்டாங்க.

சின்ன வயசுல அந்த வண்டில முன்னாடி உக்காந்து மலைக்கோட்டை தெப்பக்குளம் வரைக்கும் போவோம், பெரியப்பா பானட்ட தூக்கறப்ப முன்பக்கம் மட்கார்டு லைட்டு எல்லாம் சேந்து முழுசா முன்னாடி சாயும் பாருங்க, முதலை வாய தொறக்கற மாதிரி இருக்கும், தெரு பசங்க எல்லாம் அதப் பாக்கவே ஓடி வருவாங்க. அப்புறம் அவரு முன் டயர் மேலயே உக்காந்து வேலை பாப்பாரு. இன்னைக்கும் கதவ தொறந்தா அந்த பழைய ரெக்ஸின் வாசன அப்படியே வருது.

இப்ப பிரச்சன என்னன்னா லோக்கல் மெக்கானிக் வந்து பாத்துட்டு இன்ஜின் ஜாம் ஆயிடுச்சு, இதுக்கு ஸ்பேர் கிடைக்காது, எடுத்துப் போட்டுட்டு மாருதி ஆம்னி வேன் இன்ஜின் கியர்பாக்ஸ் வச்சுடலாம், 90 ஆயிரத்துல முடிச்சு தரேன், ஏசி கூட போட்டுக்கலாம்ங்கறாரு. வீட்ல எல்லாருக்கும் அது சரின்னு படுது. எனக்கு மனசு ஒப்பல ஆனா ஓடாம நிக்கறதுக்கும் மனசு ஒப்பல. பாடில டிரைவர் பக்கம் கீழ துரு இருக்கு, சேஸ் பாக்கறதுக்கு ஓரளவு கெட்டியா இருக்கு. ஆர்சி புக்கு பெரியப்பா பேர்லயே இருக்கு, எஃப்சி (ஃபிட்னஸ் சர்டிபிகேட்) முடிஞ்சு ரொம்ப வருஷம் ஆச்சு. இந்த வண்டிய வச்சிருக்கவங்க யாராவது இருந்தா சொல்லுங்க, என்ன பண்ணலாம்?

கோவை948

தம்பி, தயவு செஞ்சு அந்த இன்ஜின்ல கை வைக்க விடாதீங்க, முழுசா படிச்சுட்டு முடிவு பண்ணுங்க. எங்கிட்ட ரெண்டு கதவு ஹெரால்டு 1996லேருந்து இருக்கு. நான் ரிட்டயர் ஆனதுக்கப்புறம் அதோட வேலையெல்லாம் நானே பாக்கறேன், அதனால கொஞ்சம் நீளமாவே எழுதறேன்.

முதல்ல "ஜாம்"ங்கறத நம்பாதீங்க. பதிமூணு பதினாலு வருஷம் நின்ன இன்ஜின் பெரும்பாலும் சுத்தாது, பிஸ்டன் ரிங்கு சிலிண்டர் சுவர்ல லேசா துருப்பிடிச்சு ஒட்டிக்கும், அவ்வளவுதான். நாலு பிளக்கையும் கழட்டுங்க, ஒவ்வொரு ஓட்டைலயும் டீசலும் இன்ஜின் ஆயிலும் பாதிப் பாதி கலந்து ரெண்டு மூணு ஸ்பூன் ஊத்துங்க, ஒரு வாரம் விட்டுடுங்க, தினம் ஒரு தடவ கொஞ்சம் சேத்து ஊத்துங்க. அப்புறம் நாலாவது கியர்ல போட்டு வண்டிய முன்னாடி பின்னாடி மெதுவா ஆட்டுங்க. செல்ஃப் அடிக்கவே அடிக்காதீங்க, கயிறு கட்டி இழுக்கவும் கூடாது, அங்கதான் ரிங்கு உடையும்.

சுத்த ஆரம்பிச்சதும் ஸ்டார்ட் பண்ணிப் பாக்கணும்னு கை பரபரக்கும், அதுக்கு முன்னாடி ஒரு சோதனை இருக்கு, இந்த இன்ஜின் வச்சிருக்கற ஒவ்வொருத்தரும் தெரிஞ்சுக்க வேண்டியது. கிராங்குக்கு, அதான் பிஸ்டன் சுத்தி விடற தண்டுக்கு, முன்பின் ஆட்டம் வராம இருக்க பின்பக்க மெயின் பேரிங்ல அரைவட்டமா ரெண்டு த்ரஸ்ட் வாஷர் இருக்கும். ஒருத்தர கிளட்ச மிதிக்க சொல்லிட்டு நீங்க முன்னாடி கிராங்க் புல்லியப் பாருங்க. கண்ணுக்குத் தெரியற மாதிரி முன்னாடி வந்து பின்னாடி போச்சுன்னா வாஷர் தேஞ்சுடுச்சு. டயல் கேஜ் வச்சு அளந்தா 4 தௌலேருந்து 8 தௌக்குள்ள இருக்கணும் (தௌன்னா ஒரு இன்ச்சுல ஆயிரத்துல ஒரு பங்கு). அத கவனிக்காம ஓட்டினா வாஷர் கழண்டு சம்ப்ல (இன்ஜின் அடில இருக்கற ஆயில் தொட்டி) விழுந்துடும், கிராங்கு நேரா பிளாக்க உரசும், அதோட பிளாக் போச்சு. ஆனா நல்ல விஷயம் என்னன்னா இன்ஜின இறக்காமலே பண்ணலாம், சம்ப் கழட்டி, பின் மெயின் கேப்ப எடுத்துட்டு, பழச சுத்தி வெளிய தள்ளி புதுச உள்ள ஏத்திடலாம், பள்ளம் வெட்டின பக்கம் கிராங்கப் பாத்து இருக்கணும். சிக்னல்ல கிளட்ச மிதிச்சுட்டே நிக்கற பழக்கம் இருந்தா விட்டுடுங்க, நியூட்ரல்ல போட்டு கால எடுங்க, அதுதான் அந்த வாஷரோட ஆயுசு.

அடுத்தது முன் சக்கரம். கீழ டிரனியன்னு பித்தளைல ஒண்ணு இருக்கும், வீல திருப்பறப்ப மறையோட மறையா சுத்தறது அதுதான். நம்ம ஊர் ஒர்க்‌ஷாப்ல எல்லாத்துக்கும் கிரீஸ் கன்ன வச்சு அடிச்சுடுவாங்க. அதுக்கு கிரீஸ் கிடையாது தம்பி, 90 நம்பர் கியர் ஆயில்தான் போடணும். கிரீஸ் போட்டா மறைக்குள்ள இறங்காது, கெட்டியாகி அடைச்சுக்கும், தண்ணி உள்ள நின்னு துரு தின்னும், ஒரு நாள் திருப்பத்துல அந்த செங்குத்து கம்பி அறுந்து வீலு மடிஞ்சுடும். என் வண்டிக்கு 2003ல அவிநாசி தாண்டி அப்படி ஆச்சு, நல்லவேளை ஸ்பீடு இல்ல. அதுக்கு முந்தின வாரம்தான் ஒரு ஒர்க்‌ஷாப்ல "ஃபுல் கிரீஸிங்" பண்ணி அனுப்பியிருந்தாங்க. அன்னைலேருந்து நானே ஊத்தறேன், ஆறு மாசத்துக்கு ஒரு தடவ, பழைய எண்ணெய் கருப்பா வெளிய வந்து புதுசு தெளிவா வழியற வரைக்கும்.

இன்னொண்ணு, பின்பக்கம் ஜாக் போட்டு தூக்கினா ரெண்டு வீலும் அடி உள்பக்கமா மடிஞ்சு தொங்கும், இறக்கினாலும் உடனே நேராகாது. ஆக்ஸில் ஒடிஞ்சுதுன்னு யாராவது சொன்னா நம்பிடாதீங்க. அது ஸ்விங் ஆக்ஸில், நாலு அடி உருட்டினா தானா உக்காந்துக்கும். இது நம்ம மெக்கானிக்குகளுக்கும் பிடிக்கல, வாங்கறவங்களுக்கும் பிடிக்கல, அதனாலதான் இதுக்குப் பின்னால வந்த ஸ்டாண்டர்டு கெஸல் கார்ல சாதா ஆக்ஸில் வச்சாங்க. ஆனா ஒரு எச்சரிக்கை, வளைவுல வேகமா போயிட்டு சட்டுன்னு ஆக்ஸிலேட்டர விட்டா பின்வீல் உள்ள மடியும், வண்டி பின்பக்கம் தூக்கி வீசும். வளைவுக்கு முன்னாடியே வேகத்தக் குறச்சுடுங்க.

இந்த வண்டி ஏன் சென்னைல பொறந்துச்சுன்னு தெரிஞ்சா உங்களுக்கு விட மனசு வராது. 1959ல இங்கிலாந்துல டிரையம்ஃப் ஹெரால்டு வந்தப்ப மத்த கம்பெனி பெரும்பாலும் தனி சேஸ் இல்லாத பாடிக்கு மாறிட்டாங்க. இவங்களுக்கு பாடி செஞ்சு குடுத்த ஃபாக்டரிய போட்டி கம்பெனி வாங்கிட்டதால, முழு பாடிய ஒரே இடத்துல அடிக்க வழியில்ல. அதனால தனி சேஸ் வச்சு, பாடிய துண்டு துண்டா அங்கங்க அடிச்சு போல்ட் போட்டு சேத்தாங்க. உருவம் வரஞ்சது இத்தாலில டூரின் நகரத்து மிக்கெலோட்டி. துண்டு துண்டா இருந்ததாலயே பெட்டில கட்டி கப்பல்ல அனுப்பி எங்க வேணும்னாலும் பூட்ட முடிஞ்சது, அப்படித்தான் மெட்ராசுக்கு வந்தது, 60கள் நடுவுல எல்லா பாகமும் இங்கயே செஞ்சாங்க. உங்ககிட்ட இருக்கற நாலு கதவு மாடல் இந்தியாவுக்குன்னே பண்ணினது, இங்கிலாந்துல கூட கிடையாது. அதுக்கு ஆம்னி இன்ஜினா? வேண்டாம் தம்பி.

சேலம்ஃபியட்

ஐயா சொன்னது அத்தனையும் சரி, ஆனா மாடிஃபிகேஷனே கூடாதுன்னு யாரும் எடுத்துக்க வேண்டாம், நான் அதுல அடிபட்டு கத்துக்கிட்டவன் அதனால சொல்றேன் ப்ரோ.

என்னோடது பத்மினி, அதாவது ஃபியட் 1100தான். 2014ல மைலேஜ் ஆசைல 1089 சிசி பெட்ரோல் இன்ஜின எடுத்துட்டு ஒரு டீசல் இன்ஜின் வச்சேன். மூணு மாசம் சந்தோஷம். அப்புறம் அதிர்வு தாங்காம இன்ஜின் மவுண்ட் இருக்கற தகடு விரிஞ்சுது, ஃபியட்டுக்கு தனி சேஸ் கிடையாது, பாடிதான் எல்லாம், வெல்டிங் வச்சா பக்கத்துல விரியும். முன்பக்க எடை கூடி ஸ்டியரிங் கல்லு மாதிரி ஆச்சு. எல்லாத்துக்கும் மேல புக்குல பெட்ரோல்னு இருக்கு, வண்டில டீசல் இருக்கு, எஃப்சிக்கு போனா கூண்டோட மாட்டிக்கிட்டேன். இன்ஜின் மாத்தணும்னா முன்கூட்டியே ஆர்டிஓ அனுமதி வாங்கணும், மோட்டார் வாகன சட்டம் 52வது பிரிவுலயே இருக்கு, வேலை பண்ணினவங்க யாரும் எங்கிட்ட அத சொல்லல. ஒண்ணரை வருஷம் அலஞ்சு ஒரு 1089 இன்ஜின தேடிப் புடிச்சு ரீபோர் பண்ணி திரும்ப வச்சேன். அது திரும்ப அந்த சத்தத்தோட ஓட ஆரம்பிச்ச அன்னைக்கு எங்கப்பா வாசல்ல வந்து நின்னுட்டாரு, ஒண்ணுமே பேசல, பானட்ட ஒரு தடவ தட்டிட்டு உள்ள போயிட்டாரு.

என் கணக்கு இப்ப இதுதான், ஸ்பானர வச்சு ஒரு ஞாயித்துக்கிழமைல திரும்ப பழையபடி ஆக்க முடியற வேலை எதுன்னாலும் பண்ணுங்க, வெட்டி ஒட்டற வேலை எதுவும் பண்ணாதீங்க. டைனமோவ கழட்டிட்டு மாருதி ஆல்டர்நேட்டர் போட்டிருக்கேன், பிராக்கெட் லேத்துல பண்ணினது, இப்ப நைட்டு ஹெட்லைட் போட்டு வைப்பர் போட்டாலும் சார்ஜ் நிக்குது. ஆனா உங்களோடது பிரிட்டிஷ் டிசைன், எர்த் எந்தப் பக்கம்னு முதல்ல பாருங்க, பழசுல பாசிட்டிவ் எர்த், அதாவது பேட்டரியோட பிளஸ் பக்கம் பாடியோட சேந்திருக்கறது, நிறைய வரும், அப்படியே ஆல்டர்நேட்டர மாட்டினா டையோடு அப்பவே போயிடும். பாயிண்டுக்கு பதிலா எலக்ட்ரானிக் இக்னிஷன், ஹெட்லைட்டுக்கு ரிலே, முன் சீட்டுக்கு பெல்ட், ரேடியல் டயர் இதெல்லாம் கண்ண மூடிட்டு பண்ணலாம். கழட்டின பழைய பொருள் ஒண்ணையும் தூக்கிப் போடாதீங்க, துணில சுத்தி பேர் எழுதி வைங்க.

அப்புறம் இப்ப பங்க்ல வர்ற பெட்ரோல்ல 20 சதவீதம் எத்தனால், அது பழைய ரப்பர ஊற வச்சு கரைக்குது. என் ஃபியூவல் பம்ப் டயாஃப்ரம் ஒரு வருஷத்துல கொழகொழன்னு ஆயிடுச்சு. டேங்க்லேருந்து கார்புரேட்டர் வரைக்கும் ஹோஸ் எல்லாம் எத்தனால் தாங்கறதா மாத்துங்க. ரொம்ப நாள் நிறுத்தறதா இருந்தா பெட்ரோல வடிச்சுடுங்க, எத்தனால் ஈரத்த இழுக்கும், டேங்கு உள்ளேருந்து துருப்பிடிக்கும்.

கோவை948

சேலம் தம்பி சொன்ன அளவுகோல் எனக்கு ரொம்ப புடிச்சிருக்கு. ஒண்ணு விட்டுப்போச்சு, இன்ஜினுக்கு முன்னாடி பிரேக். நாலு வீலும் டிரம், ஒரே லைன்தான், ஒரு எடத்துல ஒழுகினா பெடல் நேரா தரைக்குப் போயிடும். இத்தன வருஷம் நின்னதுக்கு வீல் சிலிண்டர், ஹோஸ், மாஸ்டர் சிலிண்டர் எதையும் நம்பாதீங்க, மொத்தமும் மாத்திட்டு அப்புறம் ரோட்டுக்கு வாங்க.

புக்கு விஷயம். 50 வருஷத்துக்கு மேலான வண்டிக்கு 2021 ஜூலைல மத்திய அரசு விண்டேஜ் விதி கொண்டு வந்திருக்கு. பழைய நம்பரையே வச்சுக்கலாம், பத்து வருஷத்துக்கு செல்லும். ஆனா சேஸ், பாடி, இன்ஜின் ஒரிஜினலா இருக்கணும், பெருசா மாத்தியிருந்தா அந்த வகைல வராது. கண்காட்சி, ராலி, பெட்ரோல் போட, ரிப்பேருக்கு இதுக்கு மட்டும்தான் எடுக்கலாம், தினப்படி ஓட்டக்கூடாது. நீங்க அடிக்கடி ஓட்டற ஆளுன்னா சாதாரணமா புக்க புதுப்பிக்கறதே நல்லது. எதுவா இருந்தாலும் முதல்ல பெரியப்பா பேர்லேருந்து உங்க பேருக்கு மாத்துங்க, அவர் இருக்கும்போதே கையெழுத்து வாங்கிடுங்க.

சுன்னாகத்தான்

வணக்கம் தம்பியவை. நான் யாழ்ப்பாணம், இப்ப இருக்கிறது லண்டனுக்குக் கிட்ட. என்னட்டயும் ஒரு ஹெரால்ட் இருக்கு, 13/60, 1296 சிசி.

ஸ்பேர் கிடைக்காது எண்டு சொன்னவருக்கு ஒண்டும் தெரியாது. உங்கட 948 சிசி இன்ஜினும் டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் கார் இன்ஜினும் ஒரே குடும்பம், 1953ல 803 சிசியா துவங்கி 1980 மட்டும் 1493 சிசி வரைக்கும் வளர்த்துக்கொண்டே வந்தவங்கள். இஞ்ச இப்பவும் த்ரஸ்ட் வாஷர், டிரனியன், கேஸ்கற் எல்லாம் புதுசா செய்து விக்கினம், இஞ்ச 40 வருசத்துக்கு மேற்பட்ட காருக்கு ரோட்டு வரியும் இல்லை, வருசாந்த சோதனையும் கட்டாயம் இல்லை, அதால நிறையப் பேர் வச்சிருக்கினம். வாஷர் மெல்லிசான சாமான், கடித உறைக்க வச்சே அனுப்பலாம். ஸ்டாண்டர்டு அளவும் இருக்கு, கொஞ்சம் தடிச்ச அளவும் இருக்கு, அளந்துபோட்டு எது வேணும் எண்டு சொல்லுங்கோ.

பழைய இன்ஜின் எண்டா ஏன் எனக்கு இவ்வளவு மரியாதை எண்டும் சொல்லிப்போடுறன். எங்கட அப்பாட்ட ஆஸ்டின் ஏ40 சோமர்செட் நிண்டது. 90களில யாழ்ப்பாணத்துக்கு பெற்றோல் வாறதை மறிச்சுப் போட்டினம், எங்கயாவது கிடைச்சாலும் போத்தல் கணக்கிலதான், தங்க விலை. ஊர் முழுக்க மண்ணெண்ணெயிலதான் கார் ஓடினது. கார்புரேற்றருக்குள்ள ஒரு சின்னப் போத்தலால நாலு சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாத்தவேணும். அப்பா அந்தப் போத்தலை சேட்டுப் பொக்கற்றிலயே வச்சிருப்பார், அவற்ற சேட்டெல்லாம் அந்த மணம்தான். என்ர தங்கச்சி பிறந்தது அந்தக் காரில ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோய்த்தான், இரவு, லைற் இல்லாமல். பிளக்கைக் கழட்டிக் கரி சுரண்டினா திரும்ப ஓடும். புதுக் கார் ஒண்டையும் அப்பிடிச் செய்து ஓட்டேலாது. அந்த இன்ஜினைக் கழட்டி எறியச் சொன்னா எனக்கு உள்ளுக்க ஏதோ செய்யுது தம்பி.

லால்குடிக்காரன்

எல்லாருக்கும் கைகூப்பி நன்றி. பதில் போட பத்து நாள் ஆச்சு, ஏன்னா வேலை பாத்துட்டு எழுதலாம்னு இருந்தேன்.

கோவை ஐயா சொன்ன மாதிரி பிளக்க கழட்டி தினமும் டீசலும் ஆயிலும் ஊத்தினேன். அஞ்சு நாள் அசையவே இல்ல. ஆறாவது நாள் சாயங்காலம் நானும் தம்பியும் நாலாவது கியர்ல போட்டு ஆட்டிட்டு இருந்தோம், "டிக்"னு ஒரு சின்ன சத்தம், புல்லி ஒரு விரல்கடை நகர்ந்துச்சு. அப்புறம் இன்னும் கொஞ்சம். அரை மணி நேரத்துல முழு சுத்து சுத்திடுச்சு, பிளக் ஓட்டைலேருந்து செம்மண் கலர்ல எண்ணெய் பீச்சி என் சட்டையெல்லாம் ஆச்சு. பெரியப்பாவ போன்ல கூப்பிட்டு சொன்னேன், உடனே ஆட்டோ புடிச்சு வந்துட்டாரு. கண்ணு சரியா தெரியாது, பானட் விளிம்ப தடவிட்டே வந்து முன் டயர் மேல உக்காந்து புல்லிய கையாலயே சுத்திப் பாத்தாரு. அப்பவே மாத்தறதுக்கு கையெழுத்தும் போட்டுக் குடுத்துட்டாரு.

கிளட்ச் சோதனையும் பண்ணியாச்சு. தம்பி மிதிச்சப்ப புல்லி நல்லாவே முன்னாடி வந்துச்சு, லேத்துலேருந்து டயல் கேஜ் வாங்கி வச்சு மூணு தடவ அளந்தோம், 14 தௌ வருது. அப்ப வாஷர் தேஞ்சுதான் இருக்கு, ஆனா இன்னும் விழல. சுன்னாகம் அண்ணா, ஞாயித்துக்கிழமை சம்ப்ப இறக்கிட்டு பழைய வாஷரோட கனத்த மைக்ரோமீட்டர்ல அளந்து எழுதறேன், எந்த அளவு வேணும்னு நீங்களே பாத்து சொல்லுங்க. எர்த் பாசிட்டிவ்தான் சேலம் ப்ரோ, நீங்க சொல்லலன்னா ஆல்டர்நேட்டர வாங்கி மாட்டியிருப்பேன். டிரனியன்ல கிரீஸ்தான் இருக்கு, கல்லு மாதிரி காஞ்சு கெடக்கு, அத எப்படி எடுக்கறதுன்னு மட்டும் யாராவது சொல்லுங்க, மண்ணெண்ணெய்ல ஊற வச்சா போதுமா?

கோவை948

போதாது தம்பி, முழுசா கழட்டிடுங்க. கழட்டறதுக்கு முன்னாடி எந்தப் பக்கத்தோடதுன்னு சாக்பீஸால குறிச்சுக்குங்க, வலது பக்கம் இடது பக்கம் மறை வேற வேற. செங்குத்து கம்பியோட மறைல துரு குழி விழுந்திருந்தா அத திரும்ப போடாதீங்க, ஃபோட்டோ எடுத்து இங்க போடுங்க, நான் பாக்கறேன்.