செம்பெயர்ச்சி இருக்கட்டும், அலைநீட்சியும் வேண்டும்

ஐயா, வணக்கம்.

தொலைவிலிருந்து வரும் ஒளியின் அலைநீளம் நீண்டு தெரிவதைக் குறிக்க (ஆங்கிலத்தில் redshift) செம்பெயர்ச்சி, செந்நகர்வு, சிவப்பு விலகல் என்று மூன்று சொற்கள் கிடக்கின்றன, ஒன்றை எடுத்துக்கொண்டு மற்ற இரண்டையும் தள்ளிவிடலாம் என்று எழுதியிருந்தீர்கள். என் ஓட்டு செம்பெயர்ச்சிக்கு. 'செம்பெயர்ந்த ஒளி', 'செம்பெயராத கோடு' என்று அதை எந்த உருவிலும் வளைத்துக்கொள்ளலாம். சிவப்பு விலகல் அப்படி வளையாது. 'விலகல்' ஏற்கெனவே புள்ளியியலில் வேறு வேலை பார்த்துக்கொண்டிருக்கிறது. சனிப்பெயர்ச்சியும் குருப்பெயர்ச்சியும் நினைவுக்கு வருமே என்று தயங்கியிருக்கிறீர்கள். வரட்டுமே. ஓரிடத்தில் இருந்தது இன்னோரிடத்துக்குப் போய்விட்டது என்பதை அந்தச் சொல்லால் கேட்டுப் பழகிய காதுகள்தானே நம்முடையவை.

என் சிக்கல் வேறு. அண்டப் பின்புலக் கதிர்வீச்சு (பெருவெடிப்பின் மிச்சமாக எல்லாத் திசையிலிருந்தும் வரும் நுண்ணலை) என்று வரும்போது செம்பெயர்ச்சியை மட்டும் வைத்துக்கொண்டு அளவீட்டை விளக்க முடியவில்லை. ('பின்னணிக் கதிரியக்கம்' என்று செய்தித்தாள்களில் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. கதிரியக்கம் யுரேனியம் செய்யும் வேலை. இது கதிர்வீச்சு.)

குவாசர்களில், அதாவது மிகத் தொலைவில் சுடர்விடும் விண்மீன் மண்டலக் கருக்களில், அளப்பது நிறமாலைக் கோடுகளை. 1963-இல் வானியலாளர் மார்ட்டென் ஷ்மிட் 3சி 273 என்ற குவாசரில் ஹைட்ரஜனின் பாமர் கோடுகளை அடையாளம் கண்டார். ஆய்வகத்தில் அவை நிற்கும் இடத்தைவிட 15.8 விழுக்காடு நீண்ட அலைநீளத்தில் அங்கே நின்றன. இருக்கவேண்டிய இடமும் தெரியும், இருக்கிற இடமும் தெரியும்; இரண்டையும் ஒப்பிட்டால் எண் கிடைத்துவிடுகிறது. பெயர்ச்சி என்ற சொல் இங்கே கச்சிதம்.

பின்புலக் கதிர்வீச்சை அளந்த கதையைப் பாருங்கள். 1964-இல் ரேடியோ வானியலாளர்கள் பென்சியாஸும் வில்சனும் நியூ ஜெர்சியின் ஹோல்ம்டெல்லில் கேட்ட இரைச்சல் ஒரே ஓர் அலைநீளத்தில், 7.35 சென்டிமீட்டரில், கிடைத்தது. ஒரு புள்ளியை வைத்து, எந்த அலைநீளத்தில் எவ்வளவு செறிவு என்று காட்டும் வளைகோடு போட முடியாது. முழு வளைகோட்டைத் தந்தது 1989 நவம்பர் 18 அன்று ஏவப்பட்ட நாசாவின் கோபி (COBE) செயற்கைக்கோளில் இருந்த ஃபிராஸ் (FIRAS) கருவி. அதில் முப்பட்டகம் கிடையாது. வானை நோக்கி ஒரு கூம்புவாய். உள்ளே, வெப்பநிலையை வேண்டியபடி கூட்டிக் குறைக்கக்கூடிய ஒரு கரும்பொருள், அதாவது மேலே படும் ஒளி முழுவதையும் விழுங்கி, தன் வெப்பநிலைக்கு ஏற்றபடி மட்டுமே கதிர்வீசும் பொருள். இரண்டிலிருந்தும் வரும் அலைகளைக் குறுக்கீட்டுமானியில் (அலைகளை ஒன்றன்மேல் ஒன்று விழவைத்து ஒப்பிடும் கருவி) சேர்த்து, ஆடிகளை நகர்த்திக்கொண்டே வேறுபாட்டை மட்டும் பதிந்தார்கள். தராசின் ஒரு தட்டில் வானம், மறு தட்டில் கரும்பொருள் என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே இருப்பதை ஏறத்தாழ 2.7 கெல்வினுக்குக் கொண்டுவந்தால் பதிவு கிட்டத்தட்ட தட்டையாகிவிடுகிறது. அவ்வப்போது இன்னொரு கரும்பொருள் கூம்பு வந்து வாயை முழுதாக அடைத்து வானத்தின் இடத்தில் நிற்கும். கருவி சொல்வது மெய்யா என்று சோதிக்கும் ஏற்பாடு அது. எல்லாவற்றையும் 1.5 கெல்வின் அளவில் குளிர்வித்து வைத்திருந்த திரவ ஹீலியம் 1990 செப்டம்பரில் தீர்ந்துபோனது.

அதற்குள் வேலை முடிந்திருந்தது. 1990 ஜனவரியில், வாஷிங்டனை ஒட்டிய ஆர்லிங்டனில் நடந்த அமெரிக்க வானியல் கழகக் கூட்டத்தில், வெறும் 9 நிமிடத் தரவிலிருந்து வரைந்த வளைகோட்டை ஃபிராஸ் குழுத் தலைவர் ஜான் மாதர் திரையில் காட்டினார். அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. முழுத் தரவையும் ஆராய்ந்த பின், கரும்பொருளுக்குக் கோட்பாடு சொல்லும் பிளாங்க் வளைகோட்டிலிருந்து காணும் பிசகு உச்சச் செறிவில் பத்து லட்சத்தில் 50 பங்குக்கும் குறைவு என்று தெரிந்தது. வெப்பநிலை 2.725 கெல்வின்.

இந்த வளைகோட்டில் கோடு எங்கே இருக்கிறது? ஒன்றுகூட இல்லை, முழுக்க வழவழப்பு. அப்படியானால் பெயர்ந்தது எது? உச்சி பெயர்ந்தது என்று சொல்லிப் பார்க்கலாம். ஆனால் அதிர்வெண்ணை வைத்து வரைந்தால் உச்சி 160 கிகாஹெர்ட்சில் வருகிறது, அதாவது 1.87 மில்லிமீட்டர். அலைநீளத்தை வைத்து வரைந்தால் அதே கதிர்வீச்சின் உச்சி 1.06 மில்லிமீட்டரில் வருகிறது. அச்சை மாற்றினால் இடம் மாறும் ஒன்றை நம்பிப் பெயர்ச்சிக்கு இலக்கணம் எழுத முடியாது.

இன்னும் பெரிய சங்கடம் ஒன்று உண்டு. கரும்பொருள் கதிர்வீச்சின் எல்லா அலைகளையும் ஒரே மடங்கு நீட்டினால் கிடைப்பதும் கரும்பொருள் கதிர்வீச்சுதான், வெப்பநிலை மட்டும் அந்த மடங்குக்கு இறங்கியிருக்கும். ஆகவே 3,000 கெல்வினில் புறப்பட்டு நீண்டு வந்ததா, பிறந்ததே 2.725 கெல்வினிலா என்று அந்த வளைகோட்டை மட்டும் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. புத்தகங்கள் சொல்லும் 1,090 என்ற எண் எப்படி வந்தது? பெருவெடிப்புக்குப் பின் சுமார் 3,80,000 ஆண்டுகளில் எலக்ட்ரான்களும் புரோட்டான்களும் சேர்ந்து நடுநிலை ஹைட்ரஜன் ஆனது ஏறத்தாழ 3,000 கெல்வினில், நுட்பமாகச் சொன்னால் 2,970-இல், என்று அணு இயற்பியல் கணிக்கிறது. அதை 2.725 ஆல் வகுக்கிறோம். கீழ் எண் அளந்தது, மேல் எண் கணித்தது. இதைக் 'கோபி அளந்த செம்பெயர்ச்சி' என்று எழுதினால் மாணவன் தப்பாகவே புரிந்துகொள்வான்.

போதாக்குறைக்கு 'செம்' வேறு. 2,970 கெல்வினில் அலைநீள உச்சி 0.98 மைக்ரோமீட்டர், புறப்படும்போதே அது சிவப்பைத் தாண்டி அகச்சிவப்பில் இருந்தது. அதன் பிறகு அது போன திசை சிவப்பை விட்டு விலகும் திசை. சிவப்பை நோக்கிப் பெயர்ந்தது என்று மாணவனுக்குச் சொன்னால், உச்சியைக் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு அவன் நம்மைப் பார்ப்பான்.

அதனால் என் வேண்டுகோள்: செம்பெயர்ச்சியை அப்படியே வைத்துக்கொள்வோம். அதோடு ஒன்றைக் கூட்டினால் வரும் விகிதத்துக்கு, அதாவது பெற்ற அலைநீளத்தைப் புறப்பட்ட அலைநீளத்தால் வகுத்து வருவதற்கு, 'அலைநீட்சி' என்று தனிப் பெயர் கொடுப்போம். நீளமும் நீட்சியும் ஒரே வேர். அலைநீளம் நீள்வது அலைநீட்சி, விளக்கவுரையே வேண்டாம். 3சி 273-இன் செம்பெயர்ச்சி 0.158, அலைநீட்சி 1.158. பின்புலக் கதிர்வீச்சுக்கு அலைநீட்சி ஏறத்தாழ 1,090. அந்த அளவில் ஒன்றைக் கூட்டினாலும் விட்டாலும் பெரிய வேறுபாடு இல்லை. வெப்பநிலை விதியும் ஒரே வரியில் அடங்குகிறது: அன்றைய வெப்பநிலை என்பது இன்றைய வெப்பநிலை பெருக்கல் அலைநீட்சி.

இந்த விதியைச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். புணேயின் ஐயுகா (IUCAA) வானியல் மையத்தைச் சேர்ந்த ஸ்ரீஆனந்தும் உடன் ஆய்வாளர்களும் 2008-இல் வெளியிட்ட ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது. சிலியில் உள்ள, 'மிகப் பெரிய தொலைநோக்கி' (VLT) என்றே பெயர்கொண்ட தொலைநோக்கியால் ஒரு தொலைதூர வாயு மேகத்தில் கார்பன் மோனாக்சைடைக் கண்டார்கள். அதன் உட்கவர் கோடுகள் (மூலக்கூறுகள் ஒளியில் விழுங்கிய அலைநீளங்கள்) பிறந்தது புற ஊதாவில். இங்கே வந்து சேர்ந்தது கட்புலன் ஒளியாக. அந்தக் கோடுகளின் இடத்திலிருந்து செம்பெயர்ச்சி 2.418. கோடுகளின் ஒப்பீட்டு வலிமையிலிருந்து, மூலக்கூறுகள் எந்தெந்தச் சுழற்சி நிலைகளில் எவ்வளவு இருந்தன என்று கணக்கிட்டு, அவற்றைக் கிளறிவிட்ட பின்புலக் கதிர்வீச்சின் அன்றைய வெப்பநிலையை எடுத்தார்கள்: 9.15 கெல்வின், 0.72 கூடக்குறைய. 2.725-ஐ 3.418 ஆல் பெருக்கிப் பாருங்கள், 9.31 வரும். செம்பெயர்ச்சியும் அலைநீட்சியும் ஒரே ஆய்வில் தத்தம் இடத்தில் உட்கார்ந்திருப்பதை இங்கே பார்க்கலாம்: முன்னதைக் கோடு தருகிறது, பின்னதை வெப்பநிலை சொல்கிறது.

இதே உத்தியின் பழைய கதை 1941-இலேயே இருக்கிறது. கனடாவில் வானியலாளர் மெக்கெல்லர், விண்மீன்களுக்கிடையே உள்ள சயனோஜன் கோடுகளிலிருந்து 2.3 கெல்வின் என்று கண்டார். அது அண்டம் முழுதும் நிறைந்த ஒன்றின் வெப்பநிலை என்று அன்றைக்கு யாருக்கும் தோன்றவில்லை.

டாப்ளர் விளைவை இதில் கலக்கக் கூடாது. சூரியன் நொடிக்குச் சுமார் 370 கிலோமீட்டர் வேகத்தில் போவதால், சிம்ம ராசிப் பக்கத்து வானம் 3.36 மில்லிகெல்வின் சூடாகவும் எதிர்ப்பக்கம் அதே அளவு குளிர்ந்தும் தெரிகிறது. இது நம் ஓட்டத்தால் வருவது. இதற்கு 'டாப்ளர் பெயர்ச்சி' என்ற பாடநூல் சொல் போதும்.

'நிறமாலை' (spectrum) என்ற சொல்லைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். மில்லிமீட்டர் அலையில் நிறம் ஏது என்ற உங்கள் கேள்வி நியாயமானதுதான். 'அலைமாலை' அழகாகவும் இருக்கிறது. ஆனால் பள்ளிப் புத்தகங்களில் நிறமாலை வேரூன்றிவிட்டது, நிறமாலைமானி, நிறமாலையியல் என்று குடும்பமும் பெருகிவிட்டது. அதைப் பிடுங்க எனக்கு மனமில்லை. அலைநீட்சி காலி மனையில் கட்டும் வீடு என்பதால்தான் துணிந்து முன்மொழிகிறேன்.

பின்புலக் கதிர்வீச்சில் கோடே கிடையாது என்று அறுதியிட்டும் எழுதிவிட வேண்டாம். எலக்ட்ரான்கள் புரோட்டான்களோடு சேர்ந்தபோது ஹைட்ரஜன் உமிழ்ந்த கோடுகளின் சுவடு அந்த வளைகோட்டில் மெல்லிய அலைவாகப் படிந்திருக்க வேண்டும். நானோகெல்வின் அளவு, ஃபிராஸுக்கு எட்டாதது. பெங்களூரு ராமன் ஆய்வு நிறுவனத்தினர் இதைப் பிடிப்பதற்கு அப்சேரா என்ற கருவித் தொகுதியை 2 முதல் 6 கிகாஹெர்ட்ஸ் வரையிலான பகுதிக்கு முன்மொழிந்திருக்கிறார்கள். அந்த அலைவு அகப்பட்டால் பின்புலக் கதிர்வீச்சுக்கும் கோடு வந்துவிடும், செம்பெயர்ச்சியை நேரடியாகவே அளக்கலாம். அந்தக் கோடுகளுக்கு 'மறுசேர்க்கைக் கோடுகள்' என்று குறித்து வைத்திருக்கிறேன். அதற்கு முன் ஒருபோதும் சேர்ந்திராதவை எப்படி 'மறு'சேர்க்கை ஆகும் என்று கேட்பீர்கள். பதில் எழுதுங்கள்.