ஹிச்சிரிக்கி சீவாளி பற்றித் தெரிந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம். பத்து வருடமாக ஓபோ என்ற மேற்கத்திய ஊதுகுழல் வாசிக்கிறேன். போன வருடம் ஜப்பானின் பழைய அரசவை இசையான ககாக்குவைக் கேட்டதிலிருந்து, அதில் வாசிக்கும் ஹிச்சிரிக்கி என்ற சீவாளிக் குழல் மேல் தீராத ஆசை. இப்போது கற்று வருகிறேன். 18 சென்டிமீட்டர் மூங்கில் குழல்தான், முன்னால் ஏழு துளை, பின்னால் இரண்டு. ஆனால் அதன் சத்தம் கூடத்தையே நிறைத்துவிடுகிறது!

சிக்கல் சீவாளியில்தான். ஓபோவுக்கு உள்ளது மெல்லியது, குறுகலானது. இது நல்ல அகலம். ஆசிரியர் சொன்னபடி சூடான பச்சைத் தேநீரில் ஊறவைத்து, பிரம்பு வளையத்தை மாட்டுகிறேன். முதலில் அழகாகப் பேசுகிறது. பத்தே நிமிடத்தில் வாய் மூடிக்கொண்டு வெறும் காற்றுதான் வருகிறது.

அப்புறம் எம்பாய். விரலை மாற்றாமல் உதட்டாலேயே சுரத்தை வழுக்கிக் கொண்டுபோகும் முறை. கமகம் கேட்டு வளர்ந்த காதுக்கு அது புரிகிறது, ஓபோவில் இறுகிப்போன உதடுதான் தளர மறுக்கிறது.

எவ்வளவு நேரம் ஊறவைக்கிறீர்கள்? வளையத்தை எந்த இடத்தில் நிறுத்துவது? ஜப்பானின் யோதோ ஆற்றங்கரையில் உள்ள உதோனோ என்ற இடத்து நாணலில் செய்த சீவாளி கற்றுக்குட்டிக்குத் தேவையா, சாதாரணமானதே போதுமா? வாசிப்பவர்கள் யாராவது இருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள்.