ஷேடோ ஆஃப் த டூம் ரெய்டர்: லாராவின் கதை ஒழுங்காக முடிந்ததா?

வேங்கைமரம்

2013-இல் புதிதாகத் தொடங்கிய டூம் ரெய்டர் வீடியோ கேம் வரிசையின் மூன்றாவது பாகமும் கடைசிப் பாகமுமான ஷேடோ ஆஃப் த டூம் ரெய்டரை இப்போதுதான் முடித்தேன். 2018-இல் வந்த கேம்தான், ஆனாலும் மனசு ஆறவில்லை. முடிவு வரை பேசப் போகிறேன். இன்னும் விளையாடாதவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

என் வாதம் இதுதான். தொடக்கத்திலேயே ஒரு பெரிய கேள்வியைப் போட்டுவிட்டு, மிச்ச நேரம் முழுக்க அதற்குப் பதில் சொல்லாமல் நழுவுகிறது இந்தக் கேம். இடம் மெக்சிகோவின் கொசுமெல். டிரினிட்டி என்ற ரகசியக் கும்பலின் கைக்குப் போவதற்குள் ஒரு மாயா காலத்துக் கத்தியை எடுத்துவிட வேண்டும் என்ற வெறியில் நாயகி லாரா கிராஃப்ட் இருக்கிறாள். எடுத்தால் பேரழிவு தொடங்கும் என்பதற்கு எச்சரிக்கை கண்ணெதிரே இருக்கிறது. இருந்தும் உருவுகிறாள். கொஞ்ச நேரத்தில் கடல் ஊருக்குள் புகுந்துவிடுகிறது. இறந்தவர்கள் நாளுக்காக மாலையும் விளக்குமாக ஜொலித்த தெருக்கள் தண்ணீரோடு போகின்றன. விளிம்பைப் பிடித்துத் தொங்கும் ஒரு சிறுவன் அவள் கண் முன்னாலேயே விழுந்து சாகிறான். அப்போதும் அவள் டிரினிட்டியைத் துரத்த வேண்டும் என்றுதான் நிற்கிறாள். எல்லாமே உன்னைப் பற்றியது இல்லை என்று கூட வந்த நண்பன் ஜோனா அவளைப் பிடித்துக் கத்துகிறான்.

முதல் இரண்டு பாகங்களில் யாருமே லாராவிடம் இப்படிப் பேசியதில்லை. சரி, இந்த முறை இவளுடைய பிடிவாதத்துக்குக் கணக்குக் கேட்கப் போகிறார்கள் என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். அப்புறம் என்ன நடந்தது? பெருவுக்கு விமானம், விபத்து, காடு, கல்லறை, வில். கொசுமெல் அங்கங்கே ஒரு வசனமாக மட்டும் எட்டிப் பார்க்கிறது. கடைசியில் அவள் உலகத்தைக் காப்பாற்றிய நாயகி. செத்தவர்களின் கணக்கு அப்படியே நிற்கிறது.

கயல்

நண்பரே, கணக்குக் கேட்கவே இல்லை என்பதை ஒப்புக்கொள்ள மாட்டேன். கேட்கிற விதம்தான் வேறு. வசனத்தில் தேடினால் கிடைக்காது.

எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைக் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். ஜோனா செத்துவிட்டான் என்று டிரினிட்டியின் ரூர்க் ரேடியோவில் சொல்கிறான். அடுத்து, எரியும் ஆலைக்கு எதிரே ஆற்றுத் தண்ணீரிலிருந்து லாரா மெல்ல எழுந்து வருகிறாள். முகம் முழுக்கச் சேறு, பின்னால் ஒரே தீ. அதுவரை ஒளிந்து ஒளிந்து ஆடிய நம்மிடம் இப்போது துப்பாக்கியைக் கொடுத்து நேராக நடக்கச் சொல்கிறார்கள். எதிரிகளே பயந்து அலறுகிறார்கள். எனக்கு அந்த இடத்தில் கன்ட்ரோலரைப் பிடிக்கவே சங்கடமாக இருந்தது. ஒரு நாயகி வீரம் காட்டும் இடமாக அதை எடுத்திருந்தால் இசையும் வெளிச்சமும் வேறு மாதிரி இருந்திருக்கும். ஒருவனை இழந்தாலே இவள் என்ன ஆவாள் என்று காட்டுகிறார்கள். கொசுமெலில் கத்தியை உருவிய அதே கைதான் இது.

இன்னொன்று, வில்லன். டிரினிட்டியின் தலைவன் டொமிங்கேஸ், பெருவின் காட்டுக்குள் மறைந்திருக்கும் பைத்தித்தி நகரத்தில் பிறந்தவன், இயற்பெயர் அமாரு. தன் ஊரை வெளியுலகத்திடமிருந்து காப்பாற்ற உலகத்தையே மாற்றி எழுதத் துணிந்தவன். தான் நினைத்ததுதான் சரி, அதற்கு மற்றவர்கள் எந்த விலை கொடுத்தாலும் பரவாயில்லை என்பவன். இவனை லாராவுக்கு எதிரே நிறுத்தியதே அவளுக்குக் கண்ணாடி காட்டத்தான்.

பழைய ஜாய்ஸ்டிக்

இரண்டு பேரும் கதையிலேயே நிற்கிறீர்கள். நான் 1996-இல் கோர் டிசைன் செய்த முதல் டூம் ரெய்டரிலிருந்து ஆடி வருகிறவன். அதுவும் பெருவில்தான் தொடங்கும். எனக்கு இந்த மூன்றில் ஷேடோதான் பெயருக்கு ஏற்ற கேம்.

2013-இல் வந்தது நல்ல கேம்தான். ஆனால் அதில் கல்லறைகள் தொட்டுக்கொள்ள ஊறுகாய் மாதிரி. யமதாய் தீவில் பாதி நேரம் சுட்டுக்கொண்டே இருப்போம். 2015-இல் வந்த இரண்டாம் பாகமான ரைஸ் சைபீரியாவில் அதைக் கொஞ்சம் சரிசெய்தது. ஷேடோவில்தான் குகைக்குள் போய் நின்று, அண்ணாந்து பார்த்து, இந்தச் சக்கரம் எதைத் தூக்குகிறது, அந்தத் தொட்டி நிரம்பினால் எது இறங்கும் என்று உட்கார்ந்து யோசிக்க விட்டார்கள். சண்டைகள் முந்தைய இரண்டையும்விட நன்றாகவே குறைவு. அதைத்தான் பலர் குறையாகச் சொன்னார்கள், எனக்கு அதுதான் நிறை.

இங்கே யாரும் பேசாத ஒன்று, கடினத்தை மூன்றாகப் பிரித்தது. சண்டை, பஸில், தேடல் என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாக வைத்துக்கொள்ளலாம். நான் சண்டையை எளிதாக வைத்துவிட்டு மற்ற இரண்டையும் ஏற்றிவிட்டேன். தேடலை ஏற்றினால் பாறை விளிம்புகளில் இருக்கும் வெள்ளைப் பூச்சு போய்விடும். எங்கே கை வைக்கலாம் என்று பாறையைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். பஸிலை ஏற்றினால் "அந்தக் கயிற்றை அறுத்தால்..." என்று லாரா தானாக முணுமுணுப்பது நின்றுவிடும். இப்படி ஆடிப் பாருங்கள், வேறு கேம் மாதிரி இருக்கும்.

தண்ணீருக்கடியில் வரும் இடங்களும் அப்படித்தான். உடம்பு நுழையாத இடுக்கு, மேலே பாறையில் ஒரு சாண் காற்று, அங்கே மூக்கை மட்டும் நீட்டி மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி இறங்க வேண்டும். பிரான்யா மீன் கூட்டம் கடக்கும் வரை நீர்ச்செடிக்குள் பதுங்கிக் கிடக்க வேண்டும். துப்பாக்கியே இல்லாமல் பயமுறுத்தினார்கள்.

வேங்கைமரம்

பழைய ஜாய்ஸ்டிக் அண்ணா, கல்லறைகளைப் பற்றி நீங்கள் சொன்னது அத்தனையும் சரி. அதில் எனக்குச் சண்டையே இல்லை. ஆனால் சண்டை குறைவு என்பதால் வன்முறை குறைந்துவிட்டதா? எண்ணிக்கை குறைந்தது, ரசிப்பு கூடியிருக்கிறது. சேற்றைப் பூசிக்கொண்டு கொடி படர்ந்த சுவரோடு ஒட்டி நின்று கழுத்தை அறுக்கலாம். மரக்கிளையில் உட்கார்ந்து, கீழே போகிறவனைக் கயிற்று அம்பால் தூக்கித் தொங்கவிடலாம். பயம் தரும் அம்பை எய்தால் அவன் பிதற்றிக்கொண்டே கூட இருப்பவனைச் சுடுவான். ஒவ்வொன்றுக்கும் அனுபவப் புள்ளி வேறு.

கயல், ஆலைக் காட்சி நமக்குச் சங்கடம் தர எடுத்தது என்கிறீர்கள். நானும் அதை மதிக்கிறேன், கேமில் உள்ளதிலேயே நல்ல ஷாட் அதுதான். ஆனால் அது முடிந்து கொஞ்ச நேரத்தில் ஜோனா உயிரோடு வந்து நிற்கிறான். இருவரும் கட்டிப்பிடித்துக்கொள்கிறார்கள், கதை நகர்கிறது. அவ்வளவு பேரைக் கொன்றது ஒரு பொய்யை நம்பி என்று லாராவுக்கு உறைக்கிற ஒரு நிமிஷம்கூட இல்லை. கண்ணாடியைக் காட்டினார்கள் என்கிறீர்கள். அவள் அதில் பார்க்கவே இல்லையே.

சிற்றாறு

எனக்கு வேறொரு இடம் உறுத்துகிறது. பைத்தித்தி என்பது இன்கா மக்களோடு சேர்த்துச் சொல்லப்படும் தொலைந்த நகரம், ஆண்டிஸ் மலைக்குக் கிழக்கே காட்டுக்குள் இருப்பதாக ஐதீகம். கேமில் வரும் குகுல்கான், இஷ் செல் இருவரும் மாயா தெய்வங்கள். அவர்கள் ஊர் யுகடான், இன்றைய மெக்சிகோ பக்கம். நடுவே ஆயிரக்கணக்கான கிலோமீட்டர். இரண்டையும் ஒரே நகரத்தில் போட்டுக் குலுக்கியிருக்கிறார்கள். மாயாக்கள் குடிபெயர்ந்து வந்தார்கள் என்று கதைக்குள் ஒரு சமாதானம் இருக்கிறது. அது கதையை ஓட்டப் போதும். ஆனால் தனித்தனி வரலாறு உள்ள இரண்டு மக்களை "பழைய தென்னமெரிக்கா" என்று ஒரே மூட்டையில் கட்டிவிட்டால், பண்பாட்டுக்கு மரியாதை என்று சொல்லிக்கொள்வதற்கு என்ன அர்த்தம்?

கயல்

சிற்றாறு, வரலாறாகப் பார்த்தால் நீங்கள் சொல்வது சரிதான், அதை நான் தற்காத்துப் பேச மாட்டேன். ஆனால் பைத்தித்தியில் அவர்கள் செய்த ஒரு வேலையை விட்டுவிட முடியாது. இந்த வரிசையில் முன்பு வந்த பழைய இடங்கள் பெரும்பாலும் இடிபாடு. எலும்பு, சிலை, எடுத்துக்கொண்டு கிளம்பு. இங்கே ஊர் உயிரோடு இருக்கிறது. சந்தையில் பேரம் நடக்கிறது, குழந்தைகள் ஓடுகின்றன, தெருவில் திரியும் லாமாவை நின்று தடவிக்கொடுக்கலாம். எடுக்கிற பொருளுக்குச் சொந்தக்காரர்கள் பக்கத்திலேயே சமைத்துக்கொண்டிருக்கிறார்கள். அரசி உனுராட்டு லாராவிடம் பேசும்போது வெளியாள் ஒருத்தியிடம் பேசுவது போலத்தான் பேசுகிறாள். கல்லறையில் கை வைப்பதே என்ன என்ற கேள்வி அங்கே தானாக எழுகிறது.

மொழி அமைப்பில் இம்மர்ஷன் மோடு என்று ஒன்று இருக்கிறது, அதைப் போட்டு ஆடினீர்களா? சுற்றியிருக்கும் ஊர்மக்கள் அவரவர் மொழியில் பேசுவார்கள். புரியாத பேச்சின் நடுவே நடப்பது எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

சிற்றாறு

போட்டேன். அதனால்தான் சொல்கிறேன். அவர்கள் தங்கள் மொழியில் பேசுகிறார்கள், லாரா சுத்தமான ஆங்கிலத்தில் பதில் சொல்கிறாள், இருவருக்கும் எல்லாம் புரிகிறது! கல்வெட்டுகளைப் படித்துப் படித்து மொழித் திறன் ஏறுகிறது என்று கேமிலேயே ஒரு அமைப்பு வைத்திருக்கிறார்கள். சுவரைப் படிக்கத் தெரிந்தவளுக்கு மனிதரிடம் ஒரு வணக்கம் சொல்லத் தெரியாதா? இரண்டு வரியாவது அவர்கள் மொழியில் பேசியிருந்தால், இவள் இங்கே கற்றுக்கொள்ள வந்திருக்கிறாள் என்று நம்பியிருப்பேன்.

பழைய ஜாய்ஸ்டிக்

பைத்தித்தி அழகுதான், ஆனால் கேமின் வேகம் செத்ததும் அங்கேதான். தலைக்கு மேலே உலகம் அழிகிறது, நாம் இவருக்குத் தொலைந்ததைத் தேடி, அவருக்குச் சேதி கொண்டுபோய்க் கொடுத்துக்கொண்டிருக்கிறோம். உடை விஷயமும் எரிச்சல். நகரத்துக்குள் உள்ளூர் உடைதான் போட வேண்டும். கஷ்டப்பட்டுச் சேர்த்த மற்ற உடைகளெல்லாம் பெட்டியில் தூங்கும்.

இதற்கு ஒரு காரணம் உண்டு என்று நினைக்கிறேன். முதல் இரண்டையும் செய்தது கிரிஸ்டல் டைனமிக்ஸ். இதை முன்னின்று செய்தது ஐடோஸ் மாண்ட்ரியால், 2011-இல் டியஸ் எக்ஸ் ஹ்யூமன் ரெவல்யூஷன் செய்தவர்கள். ஊருக்குள் நடந்து ஆட்களிடம் பேசி வேலை வாங்கும் கேம் அவர்களுக்குக் கைவந்த கலை. ஒளிந்து தாக்குவதும் அப்படியே. பலமும் பலவீனமும் ஒரே இடத்திலிருந்து வருகிறது.

வேங்கைமரம்

அப்படியானால் முடிவுக்கு வருவோம். கயல், உங்களிடம்தான் கேட்கிறேன். அமாரு சாகும்போது குகுல்கானின் சக்தி லாராவிடம் வருகிறது. உலகத்தை எப்படி வேண்டுமானாலும் மாற்றி எழுதலாம். அந்த நொடியில் அவள் முன் தோன்றுவது கிராஃப்ட் மாளிகை, அப்பாவும் அம்மாவும். கொசுமெல் தெரு இல்லை, அந்தச் சிறுவன் இல்லை. கடைசிச் சோதனைகூட அவள் சொந்தத் துக்கத்தைப் பற்றியதுதான். ஜோனா கத்தினானே, எல்லாமே உன்னைப் பற்றியது இல்லை என்று. அந்தக் காட்சியை எழுதியவர்களுக்கு அது ஞாபகமில்லையா?

கயல்

ஞாபகம் இருந்ததால்தான் அப்படி எழுதினார்கள் என்பது என் பக்கம். 2013-இலிருந்து இவள் ஓடுவதெல்லாம் அப்பாவுக்காக. ரைஸில் கித்தேஜ் என்ற தொலைந்த நகரத்தைத் தேடிப் போனதே அவர் சொன்னது உண்மை என்று நிரூபிக்க. இந்தப் பாகத்தின் நடுவில் சின்ன வயது லாராவாக மாளிகைக் கூரையில் ஏறி ஓடும் ஒரு நீளமான பகுதி வருமே, பலர் அதை வேகத்தடை என்றார்கள். விளையாட்டும் சாகசமுமாக ஓடிவிட்டு அப்பாவின் சாவில் போய் முடியும். அந்த வீட்டை அறை அறையாக நம்மை நடத்திக் காட்டியது கடைசியில் அதையே ஆசை காட்டி நிறுத்தத்தான். அவள் கேட்டால் கிடைத்துவிடும், ஆனால் கேட்கவில்லை. கொசுமெலில் எதைச் செய்யாமல் விட்டிருக்க வேண்டுமோ அதை இங்கே செய்யாமல் விடுகிறாள். கையில் இருப்பதைக் கீழே வைக்கிறாள், அதற்குத் தன் உயிர் போகலாம் என்று தெரிந்தே வைக்கிறாள். இதைவிடப் பெரிய மாற்றம் இந்த மூன்று பாகத்திலும் எங்கே இருக்கிறது, காட்டுங்கள்.

வேங்கைமரம்

அவள் மாறினாள் என்பதை மறுக்கவில்லை. மாறியதற்கு விலை கொடுத்தது யார் என்றுதான் கேட்கிறேன். கொசுமெல் மக்கள் கொடுத்தார்கள், உனுராட்டு குண்டடிபட்டுக் கொடுத்தாள். லாராவோ சக்தியைக் கைவிடும் அந்தச் சடங்கிலிருந்து பிழைத்து எழுகிறாள், உனுராட்டுவின் மகன் எட்ஸ்லி அரியணையில் உட்கார்வதைப் பார்க்கிறாள், ஊருக்கு ஒத்தாசையாகக் கொஞ்ச காலம் தங்குகிறாள். அந்தத் தங்குதலை நமக்குக் கொடுத்திருக்கலாமே! ஒரு மணி நேரம் போதும். இடிந்த சுவரை எடுத்துக் கட்டுவது, காயம்பட்டவனுக்குத் தண்ணீர் கொண்டுபோவது. அம்பு எய்ய, மலை ஏற, மூச்சுப் பிடிக்க அத்தனை பொத்தான் இருக்கிற கேமில் உதவி செய்ய ஒரு பொத்தான் இல்லை, அது நாம் சும்மா பார்க்கும் கட்சீனாக ஓடிவிடுகிறது. அதை என்னால் ஏற்க முடியவில்லை.

பழைய ஜாய்ஸ்டிக்

இது நல்ல குத்து. நானே அந்த ஒரு மணி நேரத்தை ஆடியிருப்பேன்.

முடிவைப் பற்றி ஒரு தகவல், புதிதாக ஆடுகிறவர்களுக்கு உதவும். வட்டில் முதலில் இருந்த பின்காட்சியில் லாராவின் மேசைமேல் ஜாக்குலின் நாட்லா அனுப்பிய கடிதம் இருந்தது. 1996 கேமின் வில்லி அவள். வெளியான கையோடு வந்த அப்டேட் அதை மாற்றிவிட்டது. இப்போது வருவதில் கடிதம் இல்லை, மர்மங்களைக் காக்கும் பலரில் தானும் ஒருத்தி என்கிற மாதிரி லாரா பேசுகிறாள். அப்டேட் போடாமல் வட்டிலிருந்து ஆடினவர்களுக்குப் பழையது வந்திருக்கும். எனக்குக் கடிதம்தான் பிடித்தது, பழைய லாராவோடு ஒரு பாலம் போட்டது.

கயல்

எனக்கு அப்டேட் முடிவுதான். கடிதம் அடுத்த கேமுக்கு விளம்பரம், இந்தப் பேச்சு இந்தக் கதைக்கு முடிவு.

வேங்கைமரம், உதவிக்குப் பொத்தான் இல்லை என்றீர்கள். குவாக் யாக்கு ஊரிலும் பைத்தித்தியிலும் வரும் சைடு மிஷன்களை முடித்தீர்களா, நேராக மெயின் கதையிலேயே போனீர்களா? பழைய ஜாய்ஸ்டிக் வேகத்தைக் கெடுக்கிறது என்று சொன்ன அதே வேலைகள்தான். ஊர்க்காரருக்குச் சேதி கொண்டுபோவதும் தொலைந்ததைத் தேடித் தருவதும் கொசுமெலுக்கு அப்புறம் லாரா செய்ய வேண்டிய வேலை இல்லையா?

வேங்கைமரம்

முக்கால்வாசி முடித்தேன். ஒவ்வொன்றின் முடிவிலும் எனக்கு ஒரு ஆயுதப் பாகமோ உடையோ பரிசாகக் கொடுத்தார்கள். பரிசு வாங்கிக்கொண்டு செய்வதைப் பிராயச்சித்தம் என்று என்னால் எடுத்துக்கொள்ள முடியாது. மிச்சம் இருப்பதையும் இந்த வாரம் முடித்துவிட்டு வந்து சொல்கிறேன், அதுவரை என் பக்கம் இதுதான்.