‘பெரிய வீடு’ குழு, செவ்வாய்க்கிழமை

தினேஷ், காலை 5:41
கிரைண்டர் எரிந்துவிட்டது. அம்மா அழுகிறார்.

குமார், 5:44
எது? பெரியதா?

தினேஷ், 5:44
பெரியதுதான் பெரியப்பா. ஒரே புகை.

செல்வி, 5:46
அரிசி ஊறுகிறதா?

தினேஷ், 5:47
பன்னிரண்டு கிலோ. உளுந்து மூன்று கிலோ.

செல்வி, 5:48
உளுந்தை வடித்து ஃபிரிட்ஜில் வை. விட்டால் நுரைத்துவிடும். அரிசியை வண்டியில் ஏற்றிக்கொண்டு வில்லாபுரம் மில்லுக்குப் போ. ஈர அரிசி அரைப்பார்கள். அம்மாவை அழ வேண்டாம் என்று சொல்.

பாண்டியன் சித்தப்பா, 6:30
எர்த் சரியில்லை என்று பொங்கலுக்கு வந்தபோதே சொன்னேன். யார் கேட்டீர்கள்?

கவிதா, 7:05
இப்போதுதான் பார்த்தேன். அண்ணிக்கு அடி ஏதும் இல்லையே?

தினேஷ், 7:06
இல்லை அத்தை.

அமுதா, 9:20
அரைத்து வந்துவிட்டேன். இன்று இட்லி வண்டி போடவில்லை, மாவு மட்டும் விற்கிறேன். மெக்கானிக் பார்த்தார். காயில் கருகிவிட்டது, கியரில் பல்லும் போய்விட்டது. சரிசெய்தாலும் நிற்காது என்கிறார். பத்து லிட்டர் சாய்க்கும் கிரைண்டர் 40,000 ஆகுமாம்.

பாண்டியன் சித்தப்பா, 9:24
கோயம்புத்தூர் கல்லாகப் பார்த்து வாங்கம்மா.

குமார், 9:31
பணத்துக்குக் கவலைப்படாதே அமுதா. எனக்குத் தெரிந்த தண்டல்காரர் இருக்கிறார். கையெழுத்து மட்டும் போதும், சாயங்காலமே கொடுத்துவிடுவார். தினமும் 400, நூறே நாள்.

செல்வி, 9:32
வேண்டாம்.

குமார், 9:32
வேறு யார் அத்தை இன்றைக்கே கொடுப்பார்கள்?

சுந்தரம் மாமா, 9:58
குமார், கூட்டுறவு வங்கியில் முப்பத்தோரு வருடம் பேரேடு எழுதியவன் சொல்கிறேன், பொறுமையாகப் படி. தண்டலில் 40,000 என்று எழுதிவிட்டு 6,000 பிடித்துக்கொண்டு 34,000தான் கையில் கொடுப்பார்கள். மறுநாளிலிருந்தே தவணை தொடங்குவதால் பாதி நாள் போகும்போது பாதிப் பணம் அவர்களிடமே திரும்பிப் போயிருக்கும். ஆனால் வட்டி முழுத் தொகைக்கு. ஆண்டுக் கணக்கில் நூறு விழுக்காட்டுக்கு மேல் வருகிறது.

இப்போது செல்வியின் மகளிர் குழுக் கணக்கைப் பார். அதே 40,000, மாதம் நூற்றுக்கு ஒன்றரை ரூபாய், இருபது மாதம். அசல் மாதம் 2,000. முதல் மாத வட்டி 600, அடுத்த மாதம் 570, பிறகு 540. நிலுவை குறையக் குறைய வட்டியும் குறைந்து கடைசி மாதம் 30 ரூபாயில் வந்து நிற்கும். மொத்த வட்டி 6,300. தண்டல்காரர் நூறு நாளில் எடுப்பதற்கும் குழு இருபது மாதத்தில் எடுப்பதற்கும் 300 ரூபாய்தான் வித்தியாசம். அந்த 6,300உம் யார் பைக்கும் போகாது. குழுவின் பொது நிதியில் சேர்ந்து அடுத்த பெண்ணுக்குக் கடனாகப் போகும்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். யார் கடன் கொடுக்க வந்தாலும் ‘குறையும் நிலுவைக்கா, பிளாட்டா’ என்று கேளுங்கள். இதே ஒன்றரை வட்டி பிளாட் என்றால், அதாவது கடைசி வரை முழு 40,000க்கும் வட்டி என்றால், 12,000 ஆகிவிடும்.

கவிதா, 10:02
மாமா, இது எனக்கு இத்தனை நாள் தெரியாது.

பாண்டியன் சித்தப்பா, 10:05
காதுகுத்துக்குக் கிடா எத்தனை? ஆட்டுக்காரர் கேட்கிறார்.

கவிதா, 10:06
பிறகு சொல்கிறேன் சித்தப்பா.

அமுதா, 10:40
நான் குழுவில் இல்லையே மாமா.

செல்வி, 10:44
ஏழு வருடத்துக்கு முன்பே கூப்பிட்டேன். ‘பொம்பளைகள் கூடிப் பேசும் இடத்துக்கு என் வீட்டிலிருந்து வர வேண்டாம்’ என்று உன் வீட்டுக்காரன் முருகேசன் சொன்னான். போனவனைக் குறை சொல்லவில்லை. அன்றைக்கு என் மனம் நொந்தது உண்மை.

குமார், 10:46
அதை இப்போது ஏன் அத்தை?

செல்வி, 10:47
புதிதாகச் சேர்ந்தால் ஆறு மாதம் சேமித்த பிறகுதான் கடன் கேட்க முடியும், அதற்காகச் சொன்னேன். சரி, என் பெயரில் எடுத்து அமுதாவுக்குக் கொடுத்துவிடுகிறேன்.

சுந்தரம் மாமா, 10:49
கூடாது. ஒருவர் பெயரில் எடுத்து இன்னொருவர் செலவழிப்பதில்தான் குழுக்கள் உடைகின்றன.

செல்வி, 10:50
பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு இதைப் போனில் எழுத வேண்டுமா?

கவிதா, 10:50
😀😀

சுந்தரம் மாமா, 11:15
எல்லோருக்கும் தெரியட்டும் என்றுதான் எழுதினேன். சிறுகச் சேர்த்துத் தங்களுக்குள் கடன் கொடுத்துக்கொள்ளும் இந்த ஏற்பாடு சும்மா வந்ததில்லை. நம் மாநிலத்தில் 1989இல் தருமபுரியில் மகளிர் குழுக்கள் தொடங்கின. 1992இல் ஊரக வளர்ச்சி வங்கியான நபார்டு 500 குழுக்களை வங்கிகளோடு இணைத்துப் பார்த்தது. சொத்து ஜாமீன் இல்லாத பெண்களுக்கு வங்கி பரவலாகக் கதவைத் திறந்தது அதற்குப் பிறகுதான். நம் மதுரையில் களஞ்சியம் என்ற மகளிர் குழு அமைப்பு 1990இலிருந்து இருக்கிறது. சின்னப்பிள்ளை அம்மா அதில் வளர்ந்தவர். கூலி வேலை பார்த்தவர். விருது கொடுத்த பிரதமர் வாஜ்பாய் அவர் காலைத் தொட்டு வணங்கினார். 2019இல் பத்மஸ்ரீ. கந்துவட்டியிலிருந்து எத்தனை வீடுகளை மீட்டிருக்கிறார்கள்! அந்த ஊரில் இருந்துகொண்டு நாம் தண்டல்காரரைத் தேடுகிறோம்.

குமார், 11:20
குழு மட்டும் ஒழுங்கா மாமா? தவணை தவறினால் அவர்களும் வாசலில் வந்து நிற்கிறார்கள்.

செல்வி, 11:34
நின்றிருக்கிறோம். நானே நின்றேன். ஒருத்திக்குக் குழந்தை மருத்துவமனையில் இருந்தது, அது தெரியாமல் ஆறு பேர் போய்விட்டோம். அவள் உள்ளே போய்க் காதுத் தோட்டைக் கழற்றி என் கையில் வைத்தாள். தோடு சூடாக இருந்தது. திருப்பிக் கொடுத்துவிட்டேன். அதற்குப் பிறகு யார் தவறினாலும் முதலில் ஒருத்தி தனியாகப் போய் என்ன ஏது என்று விசாரிப்பது என்று தீர்மானம் எழுதிக் கையெழுத்துப் போட்டோம். தண்டல்காரரிடம் இப்படி ஒரு தீர்மானம் எழுத முடியுமா, சொல்.

குமார், 11:40
சரி அத்தை.

சுந்தரம் மாமா, 12:10
அமுதா, கொரோனா சமயத்தில் தெருவோர வியாபாரிகளுக்கான ஸ்வநிதி கடன் 10,000 வாங்கினாயே, அடைத்துவிட்டாயா?

அமுதா, 12:32
ஒரு தவணைகூடத் தவறவில்லை மாமா. அட்டை பீரோவில் இருக்கிறது. அவர் போன பிறகு அடுத்த கடன் கேட்கவே தோன்றவில்லை.

சுந்தரம் மாமா, 12:38
அப்படியானால் இரண்டாவது கடனுக்கு நீ தகுதி உள்ளவள். முன்பு 20,000, இப்போது 25,000 ஆக்கியிருக்கிறார்கள். ஒழுங்காகக் கட்டினால் ஏழு விழுக்காடு வட்டி மானியமும் உண்டு. ஆனால் வங்கியில் சில வாரம் ஆகும். மீதி 15,000க்கு வழி பார்க்க வேண்டும்.

தினேஷ், 12:40
அதுவரை?

சுந்தரம் மாமா, 12:44
அதுவரை மில். கிலோவுக்குப் பத்து ரூபாய் என்றால் பதினைந்து கிலோவுக்கு 150. தண்டலுக்குத் தினம் கட்டும் 400ஐ விட அது குறைவுதானே! தினேஷ், நீ ஒரு நோட்டு போடு. அரிசி, உளுந்து, கேஸ், மில், விற்பனை எல்லாம் எழுது. உன் அம்மாவுக்கு ஒரு நாளில் என்ன மிஞ்சுகிறது என்று இதுவரை யாரும் உட்கார்ந்து பார்த்ததில்லை. கடனைவிட அதுதான் முதல் உதவி. ஞாயிற்றுக்கிழமை நான் வருகிறேன்.

கவிதா, மாலை 6:15
அண்ணா, நான் ஒன்று சொன்னால் கோபப்படக் கூடாது. பாப்பா காதுகுத்துக்குத் தாய்மாமன் சீர் தட்டுக்கு 10,000 வைத்திருப்பதாகச் சொன்னாயே. அதை அண்ணிக்குக் கொடு. தோடு மட்டும் போதும்.

குமார், 6:50
தட்டு இல்லாமல் வந்தால் உன் மாமியார் வீட்டில் என்ன பேசுவார்கள்?

கவிதா, 6:51
நான் பேசிக்கொள்கிறேன்.

அமுதா, 7:10
வேண்டாம் அத்தான். பாப்பாவின் சீரை வாங்கி நான் மாவு அரைக்க மாட்டேன்.

கவிதா, 7:12
அண்ணி, கடனாக வாங்கிக்கொள்ளுங்கள். மாமா நோட்டில் எழுதட்டும்.

சுந்தரம் மாமா, 7:30
எழுதுகிறேன். என் நோட்டில் 2016இல் ஆட்டோவுக்குக் கொடுத்த 25,000உம் இன்னும் இருக்கிறது.

குமார், 7:31
மாமா.

செல்வி, 7:32
அதை விடுங்கள். மீதி 5,000 நான் தருகிறேன், சீட்டுப் பணம். அமுதா, வெள்ளிக்கிழமை நாலு மணிக்குக் குழுக் கூட்டம். ஆதாரும் இரண்டு போட்டோவும் எடுத்துக்கொண்டு வா. கடன் இப்போது கிடைக்காவிட்டாலும் சேமிப்பைத் தொடங்கு.

அமுதா, 7:45
நாலு மணிக்கு மாவு வாங்க ஆட்கள் வருவார்கள் அத்தை.

செல்வி, 7:46
தினேஷ் கொடுக்கட்டும்.

தினேஷ், 7:46
வெள்ளிக்கிழமை எனக்குத் தேர்வு.

பாண்டியன் சித்தப்பா, 8:20
கிடா இரண்டா மூன்றா?

குமார், 9:05
கவிதா, தட்டு விஷயம் நாளைக்குப் பேசுகிறேன். தண்டல்காரரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

அமுதா, 9:40
நாளைக்கு எட்டுக் கிலோதான் ஊறப்போட்டிருக்கிறேன் அத்தை. மில் ஆறு மணிக்குத்தானே திறக்கும்?

செல்வி, 9:41
ஆறுக்கு. நானும் வருகிறேன்.