சோலார் பூங்காவுக்கும் பேட்டரிக் கிடங்குக்கும் நிலம் கேட்கிறார்கள்: கையெழுத்திடும் முன் எவற்றைப் பார்க்க வேண்டும்?

மானாவாரியான்:
அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஊர் இராமநாதபுரம் மாவட்டத்தில், கமுதிக்கும் முதுகுளத்தூருக்கும் இடையே உள்ளது. கண்மாய் பெருகும் ஆண்டில் நெல்லும் குண்டு மிளகாயும் எடுப்போம். மழை பொய்த்தால் நிலம் கருவேலங்காடாகிவிடும். 2016இல் கமுதிப் பக்கம் சுமார் 2,500 ஏக்கரில் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் வந்ததிலிருந்து தரகர்களின் நடமாட்டம் எங்களுக்குப் புதிதல்ல. இப்போது வந்திருப்பவர்கள் தகடுகளோடு பெரிய பேட்டரிக் கிடங்கும் அமைக்கப்போவதாகச் சொல்லி, நிலத்தை விலைக்கோ நீண்டகாலக் குத்தகைக்கோ கேட்கிறார்கள். பேட்டரிகளுக்கு அவர்கள் காட்டும் இடம் எங்கள் ஊருணிக்கு மேற்கே உள்ள மேட்டு நிலம். விற்பதா, குத்தகைக்கு விடுவதா, பேட்டரியால் ஊருக்கு ஆபத்து உண்டா என்று விவரம் அறிந்தவர்கள் சொன்னால், ஊர்க் கூட்டத்தில் வைத்துப் பேச உதவியாக இருக்கும்.

மதுரை வழக்கறிஞர்:
விற்க வேண்டாம் என்பதே என் கருத்து. கர்நாடகத்தின் துமகூரு மாவட்டத்தில், பாவகடாவில், சுமார் 13,000 ஏக்கரில் 2,050 மெகாவாட் பூங்கா அமைந்தபோது உழவர்களின் நிலம் குத்தகைக்கே எடுக்கப்பட்டது; ஏக்கருக்கு ஆண்டுக்கு 21,000 ரூபாய், இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை 5 சதவீத உயர்வு என்று பேசினார்கள். பட்டா உழவர் பெயரிலேயே நிற்கிறது என்பது அதன் பெரிய நன்மை. ஆனால் அந்த 5 சதவீதம் விலைவாசி ஏற்றத்துக்கு ஈடாகாது. நீங்கள் ஆண்டுதோறும் உயர்வு கேளுங்கள். நிலமில்லாத கூலிக்காரர்களுக்கும் ஆடு மேய்ப்பவர்களுக்கும் குத்தகைப் பணத்தில் பங்கு இராது என்பதையும் ஊர்க் கூட்டத்தில் மறைக்காமல் பேசுங்கள்.

ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகை கட்டாயம் பதிவு செய்யப்பட வேண்டும். வெற்றுத்தாளிலோ முத்திரைத்தாளில் மட்டுமோ எழுதிக் கொடுப்பது பயன்படாது. பழைய தகடுகளும் பேட்டரிகளும் எங்கே போக வேண்டும் என்பதற்கு 2022ஆம் ஆண்டின் மின்னணுக் கழிவு விதிகளும் பேட்டரிக் கழிவு விதிகளும் இருக்கின்றன. ஆயினும் அவை உற்பத்தியாளரின் பொறுப்பைத்தான் சொல்கின்றன. உங்கள் மண்ணில் இறக்கிய இரும்புத் தூண்களையும் கான்கிரீட்டையும் புதைத்த கேபிளையும் யார் செலவில் எடுப்பது என்பது பத்திரத்தில் இருந்தால்தான் உண்டு. அதற்கென வங்கி உத்தரவாதம் ஒன்றைத் தொடக்கத்திலேயே கேளுங்கள்.

துணை மின்நிலையப் பொறியாளர்:
பேட்டரியைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். சோலார் மின்சாரம் நண்பகலில் குவிகிறது; வீடுகளின் தேவையோ மாலை ஆறு மணிக்குமேல் ஏறுகிறது. இந்த இடைவெளியை நிரப்பத்தான் சேமிப்பு. சத்தீஸ்கரின் ராஜ்நந்த்காவில் 2024இல் இயங்கத் தொடங்கிய நிலையத்தில் 40 மெகாவாட், 120 மெகாவாட்-மணி பேட்டரி இருக்கிறது. அதாவது முழு வேகத்தில் மூன்று மணி நேரம் மின்சாரம் தரும். நூறு யூனிட் ஏற்றினால் ஏறத்தாழ 85 யூனிட் திரும்பக் கிடைக்கும். தேவையான தொழில்நுட்பம் இது என்பதில் எனக்கு ஐயமில்லை.

ஆபத்து அரிது, ஆனால் இல்லாததன்று. 2019இல் அமெரிக்காவின் அரிசோனாவில் ஒரு பேட்டரி அறைக்குள் தேங்கிய வாயு, தீயணைப்பு வீரர்கள் கதவைத் திறந்த பிறகு வெடித்து அவர்களைக் காயப்படுத்தியது. 2025 ஜனவரியில் கலிபோர்னியாவின் மாஸ் லேண்டிங்கில் ஏற்பட்ட தீயினால் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வீடுகளை விட்டு வெளியேற நேர்ந்தது. அங்கே நிக்கல் சார்ந்த பேட்டரிகளைப் பழைய மின் நிலையக் கட்டடத்துக்குள் நெருக்கமாக அடுக்கியிருந்தார்கள். இப்போது பெரும்பாலும் வருபவை லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரிகள். திறந்த வெளியில், தனித்தனி கன்டெய்னர்களாக, இடைவெளி விட்டு வைக்கிறார்கள். இவை எளிதில் சூடேறித் தீப்பிடிப்பதில்லை என்றாலும் தீப்பற்றாதவை அல்ல.

உங்கள் கேள்வியில் எனக்கு உறுத்துவது ஊருணிக்கு மேற்கே உள்ள அந்த மேடுதான். தீப்பிடித்தால் பக்கத்துக் கன்டெய்னர்களைக் குளிரவைக்கப் பெருமளவில் தண்ணீர் பீய்ச்சுவார்கள். நச்சுக் கரைந்த அந்தத் தண்ணீர் சரிவில் இறங்கி நேரே குடிநீரில் கலக்கும். இடத்தை மாற்றச் சொல்லுங்கள். மாற்ற முடியாதென்றால் கழிவுநீரைத் தேக்கக் கரைகட்டிய தனிக் குழி வேண்டும். கன்டெய்னர்களின் குளிரூட்டிகள் கோடை இரவுகளில் இரைந்துகொண்டே இருக்கும் என்பதால், வீடுகளிலிருந்து எவ்வளவு தூரம் என்பதையும் இப்போதே எழுதி வாங்குங்கள்.

கண்மாய்க்கரை:
பேட்டரியைவிட நான் அஞ்சுவது நிலத்தைச் சமப்படுத்துவதை. சோலார் நிலையங்களுக்குச் சுற்றுச்சூழல் முன் அனுமதி தேவையில்லை என்பதால், அதன் பகுதியாக நடக்கும் பொது விசாரணையும் இல்லை. ஊர் தானாகக் கேட்டால்தான் உண்டு. நம் பக்கம் கண்மாய்க்கு நீர் கொண்டுவரும் வரத்துக்கால்களில் பெரியவை புறம்போக்காகப் பதிவாகியிருக்கும். சிறியவை பட்டா நிலங்களின் ஊடே ஓடுகின்றன, பல இடங்களில் நில அளவைப் புலப்படத்தில் கோடுகூட இராது. புல்டோசர் வரப்புகளை மட்டம் செய்யும்போது முதலில் மறைபவை அவைதான். வேலி போட்ட பிறகு யாராலும் உள்ளே போய்ப் பார்க்க முடியாது. நிலம் தராதவர்களின் ஆயக்கட்டும் அதனால் காயும்.

ஆகவே அடுத்த மழைக்கு நீர் ஓடும்போதே, ஊர்ப் பெரியவர்களோடும் கிராம நிர்வாக அலுவலரோடும் நடந்து, ஒவ்வொரு வரத்துக்காலையும் கிராம வரைபடத்தில் குறித்து, அந்த வரைபடத்தைக் குத்தகைப் பத்திரத்தோடு இணைக்கச் சொல்லுங்கள். தகடுகளைத் துடைக்கத் தண்ணீர் எங்கிருந்து வரும் என்றும் கேளுங்கள். தண்ணீர்ச் செலவைக் குறைக்க வழி உண்டு; கமுதியில் தகடு துடைக்க ரோபோக்களைப் பயன்படுத்துகிறார்கள், ஆகவே ஆழ்துளைக் கிணறுதான் வழி என்று சொன்னால் ஏற்க வேண்டாம்.

மானாவாரியான்:
மிக்க நன்றி. மழைக்குக் காத்திருக்கலாம் என்றால், குத்தகைப் பத்திரம் தயாராகும் வரை தரகர் பெயருக்குப் 'பவர்' எழுதிக் கொடுக்கும்படி வற்புறுத்துகிறார்கள். முன்பணமும் தருவதாகச் சொல்கிறார்கள். கொடுக்கலாமா?

மதுரை வழக்கறிஞர்:
கொடுக்காதீர்கள். விற்கும் உரிமையுள்ள பொது அதிகாரப் பத்திரத்தைக் கொண்டு அவர் நிலத்தை மூன்றாமவருக்குக் கிரயம் செய்துவிட முடியும். முன்பணம் வாங்கிக்கொண்டு எழுதிய பவரை ரத்து செய்வதும் எளிதன்று. குத்தகையில் கையெழுத்திட நிறுவனத்தின் அதிகாரம் பெற்ற அலுவலரே சார்பதிவாளர் அலுவலகத்துக்கு வரட்டும், நீங்களும் நேரில் போங்கள். அதற்குமுன் உங்கள் நிலத்துக்கு வில்லங்கச் சான்று எடுத்து, பழைய பவர் எதுவும் யார் பெயரிலாவது பதிவாகியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.