நூலகத்துக்கு ஏற்ற வைஃபை கருவி எது?

கேள்வி: எங்கள் ஊர்ப் பொது நூலகத்தில் மாலை வேளையில் போட்டித் தேர்வுக்குப் படிப்போர் மட்டும் 300 பேர் இருப்பார்கள். வீட்டு ரௌட்டர்கள் ஆறு வைத்தும் இணைப்பு திணறுகிறது. எதை வாங்கலாம்?

பதில் 1: ஐயா, எவ்வளவு தூரம் எட்டும் என்பதைவிட, ஒரே நேரத்தில் எத்தனை பேரைத் தாங்கும் என்பதே முக்கியம். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் (அலைத் தடங்கள்) 1, 6, 11 என மூன்றுதான் என்பதால், வைஃபை 6 தலைமுறை ஆக்சஸ் பாயிண்ட்களை (கம்பி இணைப்பை வைஃபையாகப் பரப்பும் கருவிகளை)ப் பெரும்பாலும் 5 கிகாஹெர்ட்ஸில், ஒன்றுக்கொன்று இடையூறாகாதபடி சிக்னல் வலுவைச் சற்றுக் குறைத்தே இயக்குங்கள்.

பதில் 2: இரும்பு அலமாரிகளை மறந்துவிடாதீர்கள். நான் ஓரிடத்தில் நடைவழிக் கூரையில் பொருத்தியபோது, அலமாரிக்குப் பின்னிருந்த மேசைகளில் சிக்னலே இல்லை. வாசிப்புக் கூடத்துக்குள் மாற்றியபின் சரியானது.

கேள்வி கேட்டவர்: நன்றி. அப்படியானால் பழைய பிஓஇ சுவிட்ச் (நெட்வொர்க் கம்பி வழியே மின்சாரமும் தரும் பெட்டி) போதுமா?

பதில் 1: அது ஒரு போர்ட்டுக்கு 15.4 வாட் தரும் வகையானால் போதாமல் போகலாம்; 30 வாட் தருவதை வாங்குங்கள்.